முதல் முசில்லோடர்: இந்த ஹாக்கனை வாங்கலாமா? அவசரம்

கிழக்குக்காடு:
வணக்கம். மான் வேட்டைக்குப் பழைய பாணி ரைஃபிள்தான் வேண்டும், குழல்வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் கிட்டிக்கிற முசில்லோடர் வகை. பட்ஜெட் 800 டாலர். தெரிந்தவர் ஒருவர் அவருடைய அப்பாவின் ஹாக்கன் ரக ரைஃபிளை 350க்குத் தருகிறேன் என்கிறார். சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வாங்கலாமா?

சிக்கிமுக்கி:
எந்த மாநிலம்? எந்த சீசன்? சிறு உலோக மூடியை அடித்துப் பற்றவைக்கும் பெர்கஷன் கேப்பா, கல்லில் பொறி தட்டும் ஃபிளின்ட்லாக்கா? இதெல்லாம் தெரியாமல் எப்படிச் சொல்வது?

ஐம்பத்துநாலு:
எதை வாங்கினாலும் .54 காலிபர் வாங்குங்கள், அதாவது குழலின் உள்விட்டம் 0.54 அங்குலம். 50 காலிபர் ஈயக்குண்டு ஏறத்தாழ 180 கிரெய்ன், அதாவது 12 கிராம்தான். 54 அதைவிடக் கனம், மான் நின்ற இடத்திலேயே விழும்.

மருந்துக்கொம்பு:
தம்பி, இதே கேள்வியை மாதம் ஒருவர் கேட்கிறார். பதில் எல்லாம் பழைய இழைகளில் கிடக்கிறது. தேடிப் படிக்கப் பொறுமை இல்லாதவருக்கு முசில்லோடர் சரிப்படாது, ஒவ்வொரு குண்டுக்கும் அரை நிமிடம் நிற்க வேண்டிய ஆயுதம் இது.

கிழக்குக்காடு:
மன்னிக்கவும், பென்சில்வேனியா. கிறிஸ்துமஸுக்குப் பிறகு வரும் சீசன். கேப் வைக்கிற மாடல். அப்புறம், நான் இடதுகைக்காரன்.

சிக்கிமுக்கி:
அப்படியானால் அந்த ஹாக்கன் உங்களுக்கு உதவாது. அந்த சீசனில் ஃபிளின்ட்லாக் மட்டும்தான், 44 காலிபருக்குக் குறையவும் கூடாது. கேப் துப்பாக்கியை அக்டோபர் முசில்லோடர் வாரத்தில் கொம்பில்லாத மானுக்குக் கொண்டுபோகலாம். இடதுகைக்காரர் இடப்பக்க லாக் (பற்றவைக்கும் விசையமைப்பு) உள்ளதைத் தேடுங்கள். வலப்பக்க லாக்கை இடத்தோளில் வைத்தால் பான் என்கிற மருந்துக் கிண்ணத்தின் நெருப்பு முகத்துக்கு எதிரே சீறும். இன்னொன்று, பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்துக்குப் பற்றச் சூடு அதிகம் வேண்டும், கல்லின் பொறியில் சரியாகப் பற்றாது. அசல் கரிமருந்து எங்கே கிடைக்கும் என்று முதலில் விசாரியுங்கள். இக்காலத் துப்பாக்கிகளின் புகையில்லாத ஸ்மோக்லெஸ் மருந்தை ஒருபோதும் போடாதீர்கள், குழல் வெடித்துவிடும்.

லாங்காஸ்டர்வாசி:
இந்த ஊரில் இருந்துகொண்டு ஹாக்கன் எதற்கு? அது செயின்ட் லூயிஸ் துப்பாக்கி. நம்முடையது நீளக் குழல் பென்சில்வேனியா ரைஃபிள், இங்கே குடியேறிய ஜெர்மன் கொல்லர்கள் செய்தது.

ஐம்பத்துநாலு:
அதைக் கென்டக்கி ரைஃபிள் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?

லாங்காஸ்டர்வாசி:
கென்டக்கிக்காரர்கள் தூக்கிக்கொண்டு திரிந்ததால் வந்த பெயர் அது. செய்தவன் பெயரை விட்டுவிட்டுச் சுமந்தவன் பெயரை வைப்பதா?

ஐம்பத்துநாலு:
பெயரில் என்ன இருக்கிறது, அண்ணா? 54தான் வேண்டும் என்பது என் கருத்து.

மருந்துக்கொம்பு:
காலிபரை விட, குழலுக்குள் வெட்டிய வரிகளின் முறுக்குதான் முக்கியம். துணி சுற்றிய உருண்டைக் குண்டுக்கு 60 அங்குலத்துக்கு ஒரு சுற்றோ அதைவிட மெதுவாகவோ இருக்கட்டும். 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது இரண்டுங்கெட்டான்.

சிக்கிமுக்கி:
48லும் மான் அடித்திருக்கிறேன், மருந்தின் அளவைச் சரிசெய்தால் போதும். கிழக்குக்காடு, வாங்காவிட்டாலும் பரவாயில்லை, அந்த ஹாக்கனை இப்போதே சோதித்துவிடுங்கள். முதலில் நிப்பிளில், அதாவது கேப் மாட்டும் முனையில், கேப் இல்லை என்று உறுதி செய்யுங்கள். குழல்வாய்க்கு நேரே நிற்காமல், ராம்ராடை (குண்டைத் தள்ளும் கம்பு) அடிவரை உள்ளே விட்டு வாயருகே பென்சிலால் கோடு போடுங்கள். வெளியே எடுத்து, கோடு குழல்வாய்க்கு நேராக வரும்படி குழலின் வெளிப்பக்கம் ஒட்டி வையுங்கள். நுனி நிப்பிள் வரை வராமல் முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது.

கிழக்குக்காடு:
மூன்று விரல்கட்டை குறைகிறது.

சிக்கிமுக்கி:
கையை எடுங்கள். புதுக் கேப் வைக்காதீர்கள், நீங்களாகக் குண்டை இழுக்கவும் வேண்டாம். துப்பாக்கி ரிப்பேர் கடைக்குப் போன் செய்து, மருந்து ஏறியிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கொண்டுபோங்கள்.

கிழக்குக்காடு:
கடையில் காற்றழுத்தம் கொடுத்து வெளியே தள்ளினார்கள். ஒரு குண்டு, ஈரம் படாத மருந்து. அவருடைய அப்பா இறந்து 9 வருடம் ஆகிறதாம், அன்றிலிருந்து வரவேற்பறைச் சுவரில் அப்படியே மாட்டியிருந்தது. நான் வாங்கவில்லை. இடதுகை ஃபிளின்ட்லாக் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறேன், 50தான். நன்றி.