வீட்டு வீடியோவை மெனுவோடு டிவிடி ஆக்க எந்த மென்பொருள்? அனுபவப் பகிர்வு

கேசட் பெட்டி

கல்யாணக் கேசட், மினிடிவி (MiniDV, சிறு டிஜிட்டல் கேசட்) நாடா, கைபேசி வீடியோ இவற்றை மெனுவும் சாப்டரும் உள்ள டிவிடியாக மாற்றும் மென்பொருள்களுக்கான திரி இது. பென் டிரைவில் எம்பி4 போட்டுக் கொடுத்தால் போதாதா என்பவர்களுக்கு: டிவி புதிது என்றால் போதும். பெரியவர்கள் வீட்டில் இன்னும் டிவிடி ப்ளேயர்தான் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

"இது சூப்பர், அது வேஸ்ட்" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த அமைப்பில் என்ன கெட்டது, ஏன் கெட்டது என்று சொல்லுங்கள்.

ஒப்பிடும் முன் அடிப்படை ஒன்று. நம் ஊர் டிவி முறையான பால் (PAL) முறையில் ப்ளேயர் எதிர்பார்ப்பது 720×576, நொடிக்கு 25 சட்டம் (ஃபிரேம்), எம்பெக்-2 படம். ஒலி 48 கிலோஹெர்ட்ஸில் ஏசி3, எம்பி2 அல்லது பிசிஎம். படத்தின் பிட்ரேட் (நொடிக்கு ஓடும் தரவு) உச்சவரம்பு 9.8 மெகாபிட். இந்த வரம்புக்குள் ஏற்கெனவே இருக்கும் கோப்பை அந்த மென்பொருள் அப்படியே எடுத்துக்கொள்கிறதா, அல்லது எதைக் கொடுத்தாலும் மறுபடி என்கோட் செய்கிறதா, அதாவது புதிதாகச் சுருக்கி எழுதுகிறதா? நான் முதலில் பார்ப்பது இதைத்தான். மெனு டெம்ப்ளேட் எத்தனை என்பதெல்லாம் அப்புறம்.

ஸ்டைலர் ரசிகன்

இலவசத்தில் இன்றைக்கும் டிவிடி ஸ்டைலர்தான். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். உள்ளே வேலை செய்வது வீடியோவை மாற்றும் எஃப்எஃப்எம்பெக்கும், டிவிடி அமைப்பைக் கட்டும் டிவிடிஆதரும். மேலே இருப்பது மெனு வரையும் பலகை.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: தலைப்பின் பண்புகளில் படத்துக்கும் ஒலிக்கும் தனித்தனியே "காப்பி" என்ற தேர்வு உண்டு. சரியான எம்பெக்-2 கோப்பாக இருந்தால் இதை வைத்தால் மறு என்கோட் இல்லை, இரண்டு மணி நேரப் படமும் சில நிமிடங்களில் முடியும். தகுதியில்லாத கோப்புக்கு வலுக்கட்டாயமாகக் காப்பி கொடுத்தால், டிவிடிஆதர் நடுவில் பிழை காட்டி நிற்கும், அல்லது கணினியில் ஓடி ப்ளேயரில் ஓடாத டிஸ்க் கிடைக்கும்.

தடுக்கி விழும் இடம் ஒன்று. பழைய கல்யாணம் 4:3, புதிய காதுகுத்து 16:9 என இரண்டும் ஒரே டிஸ்க்கில் வேண்டுமென்றால், இரண்டையும் ஒரே டைட்டில் செட்டில் (டிஸ்க்கில் படங்களை அடுக்கும் தொகுதி) போடக் கூடாது. டிவிடியில் பட விகிதம் டைட்டில் செட் முழுமைக்கும் ஒன்றுதான். ஒன்றாகப் போட்டால் ஏதோ ஒன்றில் எல்லோரும் குண்டாகவோ ஒல்லியாகவோ தெரிவார்கள். தனித்தனி டைட்டில் செட் ஆக்கினால் இன்னொரு சிக்கல்: ஒரு செட்டின் மெனுவிலிருந்து இன்னொரு செட்டின் படத்துக்கு நேராகத் தாவ டிவிடி விதி இடம் தராது, முதன்மை மெனு வழியாகத்தான் போக வேண்டும். திட்டப் பண்புகளில் ஜம்ப்பேட் என்ற தேர்வை இயக்கினால் அந்தச் சுற்றுவழியை மென்பொருளே அமைத்துவிடும்.

எளிய வழி

டிவிடி ஃப்ளிக்கை யாரும் சொல்லவில்லையே. கோப்பை இழுத்துப் போடு, மெனு ஒன்றைத் தேர்ந்தெடு, பட்டனை அழுத்து. அவ்வளவுதான். டிஸ்க் எழுதும் இமேஜ்பர்னும் கூடவே வரும்.

கேசட் பெட்டி

எளிமையில் அதற்கு நிகரில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் கடைசிப் பதிப்பு 2009. எச்265 என்ற வீடியோ சுருக்கத் தரநிலை வந்ததே 2013இல். இன்றைய கைபேசி எச்265இல் எடுத்த வீடியோவை அது திறக்காது, திறந்தால் ஒலி மட்டும் வரும். கைபேசி அமைப்பில் அதற்கு முந்தைய எச்264 என்று மாற்றி எடுங்கள், அல்லது ஹேண்ட்பிரேக் என்ற மாற்றும் மென்பொருளில் எச்264 ஆக்கிவிட்டுக் கொடுங்கள். பழைய ஏவிஐ, எம்பெக் கோப்புகளுக்கு மட்டும் என்றால் ஃப்ளிக் போதும்.

இன்னொன்று: கோப்பின் பெயரையும் கோப்புறைப் பெயரையும் தமிழில் வைக்காதீர்கள், இடைவெளியும் விடாதீர்கள். பழைய மென்பொருள்கள் தற்காலிகக் கோப்பு எழுதும்போது இதில்தான் திணறும். பிழைச் செய்தி வேறு எதையோ சொல்லும்.

கணக்குப்பிள்ளை

எந்த மென்பொருளானாலும் "ஆட்டோ" பிட்ரேட்டை நம்பாமல் கையால் கணக்குப் போடுங்கள். 4.7 ஜிபி டிஸ்க் என்பது 37,600 மெகாபிட். மெனு, மக்ஸ் (படத்தையும் ஒலியையும் இணைப்பது) செலவு, விளிம்பில் விடும் இடம் போக 36,000 என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே 600ஐ நிமிடத்தால் வகுத்தால் மொத்த பிட்ரேட் மெகாபிட்டில் வந்துவிடும்.

90 நிமிடம்: 6.7. 120 நிமிடம்: 5. 150 நிமிடம்: 4. 180 நிமிடம்: 3.3. இதில் ஏசி3 ஒலிக்கு 0.2 கழித்தால் மீதி படத்துக்கு.

60 நிமிடத்துக்கு 10 என்று கணக்கு வரும், அதை வைக்காதீர்கள். எழுதிய டிஸ்க்கில் 8க்கு மேல் போனால் விலை குறைந்த ப்ளேயர்கள் வேகமான காட்சிகளில் திக்கும். இடம் மீந்தால் மீந்துவிட்டுப் போகட்டும்.

ஒலியையும் கவனியுங்கள். சில மென்பொருள்களில் பிசிஎம்தான் முன்னிருப்பு. ஸ்டீரியோ பிசிஎம் 1.5 மெகாபிட் தின்னும். இரண்டு மணி நேர டிஸ்க்கில் அது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு! நாதஸ்வரம் தெளிவாக இருக்கும், மணமகள் முகம் கட்டம் கட்டமாக இருக்கும்.

விஎச்எஸ் (பழைய பெரிய வீடியோ கேசட்) மட்டும் என்றால் இன்னொரு வழி உண்டு. அந்த நாடாவின் கிடைமட்ட விவரம் 240 கோடு அளவுதான். 720க்கு ஏற்றுவதில் பயனில்லை. 352×576 என்பதும் டிவிடி ஏற்கும் அளவே; அதில் 3 மெகாபிட் கொடுத்தால் மூன்று மணி நேரக் கேசட் ஒரே டிஸ்க்கில் கண்ணியமாக அடங்கும்.

மினிடிவி

விஎச்எஸ், மினிடிவி இரண்டிலும் பலர் கோட்டைவிடுவது ஃபீல்ட் வரிசையில். இவற்றில் ஒவ்வொரு சட்டமும் ஒன்றுவிட்ட கோடுகள் கொண்ட இரண்டு ஃபீல்டாக அடுத்தடுத்துப் பதிவாகும், இதுவே இன்டர்லேஸ். ஃபயர்வயர் (கேமராவைக் கணினியோடு இணைக்கும் கம்பி) வழியே எடுத்த DV கோப்பில் கீழ் ஃபீல்ட் முதலில். யுஎஸ்பி கேப்சர் கருவிகளில் பெரும்பாலும் மேல் ஃபீல்ட் முதலில். என்கோடரிடம் மாற்றிச் சொன்னால், ஆள் நடக்கும்போதெல்லாம் ஓர் அடி முன்னே, அரை அடி பின்னே என்று உதறும். நின்ற காட்சியில் தெரியாது, கணினித் திரையிலும் பல சமயம் தெரியாது. அதனால் சோதனையை டிவியில் செய்யுங்கள், அதுவும் ஊர்வலக் காட்சியை வைத்து.

இரு ஃபீல்டையும் ஒரே சட்டமாக்கி டிஇன்டர்லேஸ் செய்துவிட்டால் தொல்லை தீருமே என்று செய்யாதீர்கள். நொடிக்கு 50 ஃபீல்டாக இருந்த அசைவு 25 சட்டமாகக் குறைந்து, வழுவழுப்பு போய்விடும். டிவிடிக்கு இன்டர்லேஸ் இயல்பான வடிவமே.

எஃப்எஃப்எம்பெக்கை நேரடியாகப் பயன்படுத்துவோர் டார்கெட் விருப்பத்தில் பால்-டிவிடி என்று கொடுத்தால் அளவு, சட்ட வேகம், ஏசி3, 15 சட்ட ஜிஓபி (சட்டத் தொகுப்பு) எல்லாம் தானாக அமையும். ஆனால் இன்டர்லேஸ் கொடிகள் இரண்டையும், ஐஎல்டிசிடி, ஐஎல்எம்ஈ, நீங்கள்தான் சேர்க்க வேண்டும். விட்டுவிட்டால் அசையும் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி வரும்.

பழைய மேக்

ஆப்பிளின் ஐடிவிடி மென்பொருளை வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கி எறிய வேண்டாம். ஐலைஃப் '11 உடன் நின்றுபோனது, புதிய மேக்கில் ஓடாது. ஆனாலும் அதன் மெனு அழகு இன்னும் எதிலும் வரவில்லை. குறை என்னவென்றால் எதைக் கொடுத்தாலும் மறுபடி என்கோட் செய்யும். "பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்" ஒரு மணி நேரத்துக்குள் இருக்கும் படத்துக்கு. இரண்டு மணி நேரத்துக்கு "புரொஃபெஷனல் குவாலிட்டி" வையுங்கள், இரண்டு சுற்று என்கோட், நேரம் எடுக்கும்.

விஸ்டா, விண்டோஸ் 7 கணினியில் இருந்த டிவிடி மேக்கரும் அதே ரகம். 150 நிமிடம் வரம்பு. எட்டாம் பதிப்பில் எடுத்தே விட்டார்கள். அவசரத்துக்குச் சரி.

ஸ்டைலர் ரசிகன்

காசு கொடுத்து வாங்குவதில் எது தேறும்?

மினிடிவி

இரண்டு சொல்வேன். டிவிடி ஆர்க்கிடெக்ட்: சோனிக் ஃபவுண்ட்ரியில் தொடங்கி, சோனி கைக்குப் போய், 2016இல் மாஜிக்ஸ் வாங்கியது. அதில் "ஆப்டிமைஸ்" பலகை ஒன்று உண்டு. ஒவ்வொரு கோப்புக்கும் எதிரே மறு சுருக்கம் வேண்டுமா, வேண்டாமா என்று முன்கூட்டியே காட்டும். தயாரிக்கும் பட்டனை அழுத்துமுன் இதைப் பார்க்கும் பழக்கம் வந்தாலே பாதி வேலை முடிந்தது.

மற்றது ஜப்பானின் பெகாசிஸ் நிறுவனத்தின் டிஎம்பிஜிஎன்க் ஆதரிங் ஒர்க்ஸ். வெட்டிய இடத்துச் சட்டங்களை மட்டும் என்கோட் செய்து மீதியைத் தொடாமல் விடும். டிவிடி ரெக்கார்டரில் பதிந்த டிஸ்க்கிலிருந்து விளம்பரத்தை வெட்டி மறுபடி டிஸ்க் ஆக்க இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. மெனு மட்டும் கொஞ்சம் அலுவலகத்தனம்.

அடோபி என்கோரில் மெனுவே ஒரு ஃபோட்டோஷாப் கோப்பு. லேயர் குழுவின் பெயருக்கு முன்னால் அடைப்புக்குள் கூட்டல் குறி போட்டால் அது பட்டன். சிஎஸ்6 உடன் நிறுத்திவிட்டார்கள், இனி தேடிப் போக வேண்டாம்.

எழுத்துரு

மெனுவில் தமிழ் எழுதுவதைப் பற்றி யாரும் பேசவில்லை. பழைய ஆதரிங் (டிவிடி அமைக்கும்) மென்பொருள்கள் பலவற்றில் தமிழ் தட்டினால் கட்டம் கட்டமாக வரும், அல்லது "கொ" என்பதன் கொம்பு இடம் மாறி நிற்கும். மெனு எழுத்தை மென்பொருளிடம் விடாதீர்கள். கிம்ப் அல்லது இங்க்ஸ்கேப்பில் பின்னணியையும் எழுத்தையும் ஒரே படமாகச் செய்யுங்கள். சதுரப் பிக்சலில் 4:3க்கு 768×576, 16:9க்கு 1024×576. பின்னர் 720×576க்குச் சுருக்குங்கள். மென்பொருளில் அதைப் பின்னணியாகப் போட்டு, எழுத்துகளின் மேல் வெற்றுப் பட்டன்களை மட்டும் வையுங்கள். தேர்ந்தெடுத்ததைக் காட்டும் நிறம் நான்கு நிறத் துணைப்படத்தில்தான் வரும். அதற்கு நிழல், மங்கல் எதுவும் வேண்டாம், தட்டையான அடிக்கோடு போதும். பழைய டியூப் டிவியில் ஓரம் வெட்டுப்படும், ஆகவே நான்கு பக்கமும் பத்தில் ஒரு பங்கு காலியாக விடுங்கள்.

சப்டைட்டிலிலும் இதே கதை. டிவிடிஆதரோடு வரும் எஸ்பியூமக்ஸ் தமிழ் எழுத்தைக் கோக்காது, உயிர்மெய்க் குறிகள் சிதறும். சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் எழுத்துருவைத் தேர்ந்து வாப்சப் (VobSub) ஆக ஏற்றுமதி செய்தால் எழுத்து படமாகவே போய்விடும். பிறகு உடைய வழியில்லை.

டொராண்டோ

கனடா, அமெரிக்காவுக்கு அனுப்பும் டிஸ்க்கை இங்குள்ள டிவி முறையான என்டிஎஸ்சியில் செய்யுங்கள்: 720×480, 29.97 சட்டம். இங்கே விற்ற பல ப்ளேயர்கள் பால் டிஸ்க்கை மறுத்துவிடும். ஊரில் விற்ற ப்ளேயர்களும் டிவிகளும் பெரும்பாலும் இரண்டையும் ஏற்கும். கைபேசி வீடியோ எப்படியும் 30 சட்டம். அதை 25க்கு இறக்கினால் நடுநடுவே துள்ளும். கைபேசிப் படம் மட்டும் உள்ள டிஸ்க்கை ஊருக்கும் சேர்த்தே என்டிஎஸ்சியில் செய்துவிடலாம். பழைய பால் கேசட் அப்படியில்லை. அதை இருக்கிறபடியே பாலாக வைத்து, இங்குள்ளவர்கள் கணினியில் விஎல்சியில் பார்ப்பதே மேல். மண்டலக் குறியீடு (எந்த நாட்டு ப்ளேயரில் ஓடலாம் என்ற பூட்டு) வேறு விஷயம். வீட்டு டிஸ்க்கில் எல்லா மண்டலமும் என்று விடுங்கள்.

கேசட் பெட்டி

கூடுதலாக ஒன்று: கைபேசி சட்ட வேகம் ஏறி இறங்கும். கோப்பின் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோவில் "வேரியபிள்" என்று காட்டினால், முதலில் ஹேண்ட்பிரேக்கில் நிலையான வேகமாக்குங்கள், தரத்துக்கான எண் ஆர்எஃப் 16 அல்லது 18. இல்லையென்றால் முதல் ஐந்து நிமிடம் ஒலி சரியாக இருக்கும், அரை மணியில் உதடு ஒரு பக்கம் பேச்சு ஒரு பக்கம். பழியை ஆதரிங் மென்பொருள் மேல் போடுவார்கள், அதன் தவறே இல்லை.

லினக்ஸ்வாசி

டிவிடிஆதரை நேராக ஓட்டுபவர்களுக்கு: "முன்னிருப்பு வீடியோ வடிவம் இல்லை" என்று நின்றால் கோப்பில் தவறு தேட வேண்டாம். வீடியோ ஃபார்மட் என்ற சூழல் மாறிக்கு பால் என மதிப்பு கொடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

கணக்குப்பிள்ளை

பர்ன் செய்வதை ஆதரிங் மென்பொருளிடம் விடாதீர்கள். வீடியோ_டிஎஸ் கோப்புறையாகவோ ஐஎஸ்ஓவாகவோ (முழு டிஸ்க்கும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) எழுதச் சொல்லி, விஎல்சியில் மெனு பட்டன் ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்த பிறகு இமேஜ்பர்னில் எழுதுங்கள். கோப்புறையை டேட்டா டிஸ்க் போல இழுத்துப் போட்டு எழுதினால், கோப்புகளின் வரிசையும் கோப்பு முறைமையும் தப்பி, சில ப்ளேயர் டிஸ்க்கையே அடையாளம் காணாது.

டிவிடி-ஆர் வாங்குங்கள், பழைய ப்ளேயர்கள் டிவிடி+ஆர் வகையைவிட இதை எளிதில் படிக்கும். 16x டிஸ்க்கை 8xஇல் எழுதி, வெரிஃபை டிக் வையுங்கள். டிஸ்க்கை விளிம்பு வரை நிரப்பாதீர்கள், படிப்பதில் பிழை அதிகம் வருவது அங்கேதான். மேலே காகித லேபிள் ஒட்டவே ஒட்டாதீர்கள். சுழலும்போது சமன் தவறும்.

எளிய வழி

மூன்றரை மணி நேரக் கல்யாணத்துக்கு இரட்டை அடுக்கு டிஸ்க் போடலாமா, இரண்டு சாதா டிஸ்க்கா?

கணக்குப்பிள்ளை

இரண்டு சாதா டிஸ்க். இரட்டை அடுக்கில் முதல் அடுக்கு இரண்டாவதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது, அடுக்கு மாறும் இடம் ஒரு செல்லின் (சாப்டர்கள் பிரிக்கும் படத் துண்டு) எல்லையில் விழ வேண்டும். இமேஜ்பர்ன் பொருத்தமான இடங்களைக் காட்டிக் கேட்கும். ஆனால் அந்தப் பகுதியில் சாப்டர் எதுவும் இல்லையென்றால் காட்ட இடமே இருக்காது. கட்டாயம் அதுதான் வேண்டுமென்றால் நடுப்பகுதியில், சரியாகச் சொன்னால் பாதியிலும் அதற்குச் சற்றுப் பின்னும், நிமிடத்துக்கு ஒரு சாப்டர் வைத்து ஆதரிங் செய்யுங்கள். முகூர்த்தத்தில் விழாமல் பந்தியில் விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மாறும்போது படம் அரை நொடி நிற்கும்.