நீலக் கொடி என்றால் ஒதுங்கு என்று உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

கொடிக்காரன்:
டிராக் டே என்றால் பந்தயம் இல்லாமல், நம் பைக்கைப் பந்தயப் பாதையில் ஓட்டிப் பார்க்கிற நாள். அதைப் பற்றி முந்தாநாள் இந்த மன்றத்தில் வேறொரு இழையில் வேகமணி எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அவர் எழுதியது இது: “டிராக் டேயில் மெதுவாக ஓட்டுகிறவர்கள் நீலக் கொடியைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட வேண்டும். அந்த மரியாதை தெரியாதவர்கள் வீட்டிலேயே இருக்கலாம்.” அதைப் படித்துவிட்டு ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியவர்கள் வேறு.

ஒதுங்கக் கூடாது. நீலக் கொடி என்பது பின்னால் வேகமானவர் வருகிறார் என்று காட்டுகிற கொடி. அது தெரிந்தால் லைனை, அதாவது நாம் போய்க்கொண்டிருக்கிற தடத்தை, விடாமல் போக வேண்டும். பின்னால் வருகிறவருக்கு முன்னால் இருப்பவர் நன்றாகத் தெரிகிறார். முன்னால் இருப்பவருக்குப் பின்னால் யார் வருகிறார் என்று தெரியாது. பைக்கின் பக்கக் கண்ணாடியைக் கழற்று, இல்லையென்றால் அதன்மேல் டேப் ஒட்டு என்று காலையில் நாம்தானே சொல்கிறோம்? 150 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடி தலையைத் திருப்பினால் நாற்பது மீட்டருக்கு மேல் பாதையைப் பார்க்காமலே போய்விடுகிறோம்.

நான் வளைவில் கொடி பிடித்து நிற்கிறவன். ஒரு முறை புதியவர் ஒருவர் அபெக்ஸை, அதாவது வளைவின் உட்புற முனையை, தாண்டி வெளியே வந்துகொண்டிருந்தார். பின்னால் வேகமாக ஒருவர் வந்ததால் நீலக் கொடியை ஆட்டினேன். புதியவர் பதறி வெளிப்பக்கமாக ஒதுங்கினார். பின்னால் வந்தவர் அதே வெளிப்பக்கமாகத்தான் முந்த முடிவுசெய்திருந்தார். இரண்டு பைக்கும் சரளையில். புதியவரின் வலது கையுறையில் சுண்டுவிரல் தையல் பிரிந்து தொங்கியது, பிரேக் லீவர் பாதியில் முறிந்திருந்தது. எழுந்து உட்கார்ந்ததும் அவர் என்னிடம் கேட்டது: “ஒதுங்கித்தானே போனேன் அண்ணா?”

அந்தப் பையனுக்கு ஒதுங்கச் சொல்லிக்கொடுத்தது வேகமணி மாதிரி ஆட்கள்தான்.

வேகமணி:
எவனோ விழுந்ததற்கும் என் தலைதானா? சரி. எஃப்ஐஎம் (சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு) விதியில் நீலக் கொடிக்கு என்ன போட்டிருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். வேகமானவரை முந்தவிட வேண்டும் என்றுதான் இருக்கிறது. முந்தவிடுவது என்றால் வழிவிடுவது. இதற்கு மேல் என்ன சந்தேகம்?

கொடிக்காரன்:
அரை விதியைப் படித்துவிட்டு வராதீர்கள். பயிற்சி நேரத்தில் நீலக் கொடி காட்டினால் *தன் லைனில் இருந்துகொண்டு*, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து முந்தவிட வேண்டும் என்பது விதி. தன் லைனில் இருந்துகொண்டு! உங்களுக்கு அந்தப் பாதி மட்டும் கண்ணில் படவில்லை.

வேகமணி:
உங்களுக்கு “வேகத்தைக் குறைத்து முந்தவிட வேண்டும்” என்ற பாதி கண்ணில் படவில்லை. பந்தயத்தில் ஒரு லேப், அதாவது ஒரு முழுச் சுற்று, பின்தங்கியவர் முதல் வாய்ப்பிலேயே முந்தவிட வேண்டும். அதுவும் விதிதான்.

கொடிக்காரன்:
டிராக் டே பந்தயம் இல்லை. இதை எத்தனை தடவை சொல்வது?

வேகமணி:
பயிற்சியும் இல்லை. அப்படியிருக்க பயிற்சி விதியை மட்டும் ஏன் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்?

முதல்செஷன்:
எல்லோருக்கும் வணக்கம். நான் இதுவரை டிராக்கில் ஓட்டியதில்லை, வருகிற ஞாயிற்றுக்கிழமைதான் முதல் முறை. ஒரு சந்தேகம். வழிவிடுவது என்றால் லைனை மாற்றுவதா, த்ராட்டிலை (ஆக்சிலரேட்டரை) விடுவதா, இல்லை ஒன்றும் செய்யாமல் போவதா? இரண்டு அண்ணன்களும் ஒரே சொல்லுக்கு வேறு வேறு அர்த்தம் சொல்வது போல எனக்குப் படுகிறது.

பழைய அறுநூறு:
நீலக் கொடியை விடுங்கள். கோளாறு குரூப் பிரிப்பதில் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மூன்று குரூப், குரூப்புக்கு இருபது நிமிடம் என்று நேரத்தைச் சரியாக வெட்டுகிறார்கள். ஆனால் யார் எந்த குரூப் என்பதை அவரவர் சொன்னபடியே எழுதிக்கொள்கிறார்கள். வெட்கத்தில் ஒருவர் புதியவர் குரூப்பில் பேர் கொடுக்கிறார். வீறாப்பில் இன்னொருவர் வேக குரூப்பில் பேர் கொடுக்கிறார். முதல் இரண்டு செஷனைப் பார்த்துவிட்டு ஆளை மாற்றி உட்காரவைக்கும் தைரியம் எத்தனை ஏற்பாட்டாளருக்கு இருக்கிறது? மாற்றினால் கோபித்துக்கொண்டு அடுத்த முறை வரமாட்டார்கள் என்ற பயம். ஆளைச் சரியாகப் பிரித்தால் நீலக் கொடிக்கே பாதி வேலை இருக்காது.

சென்ற சீசனில் லிட்டர் பைக்கோடு (1000 சிசி) புதியவர் குரூப்பில் நுழைந்து, நேர்ப்பாதையான ஸ்ட்ரெய்ட்டில் எல்லோரையும் பறந்து முந்தி, வளைவில் எல்லோருக்கும் குறுக்கே நின்ற ஒருவரை எனக்குத் தெரியும். இந்த இழையிலேயே இருக்கிறார். பேர் சொல்ல மாட்டேன்.

வேகமணி:
சொல்லுங்களேன் அண்ணே, பயமா? அன்று வேக குரூப் நிரம்பிவிட்டது, கிடைத்த இடத்தில் போட்டார்கள். அது ஏற்பாட்டாளர் முடிவு. டயரைச் சூடாக்குகிற டயர் வார்மர் பற்றிய இழையில் நான் உங்களைத் திருத்தியதிலிருந்து இதே புலம்பல்தான்.

பழைய அறுநூறு:
நீங்கள் என்னைத் திருத்தினீர்களா? குளிர்ந்த டயரில் வைக்கிற காற்றழுத்தத்தையும் சூடான டயரில் வைக்கிற காற்றழுத்தத்தையும் போட்டுக் குழப்பியது யார்? டயர் சூடாக ஆக உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஏறும். வார்மரில் இருந்து எடுத்த டயருக்குக் குளிர்ந்த டயரின் எண்ணைச் சொன்னால் அளவு தப்பும். இதைத்தான் சொன்னேன். இன்னொரு தடவையும் சொல்வேன்.

கொடிக்காரன்:
டயர் பேச்சு வேறு இழையில். நீலக் கொடிக்கு வாருங்கள்.

காலை பிரீஃபிங்கில் நான் சொல்வதை அப்படியே எழுதுகிறேன். மஞ்சள் கொடி என்றால் முன்னால் ஆபத்து. வேகத்தைக் குறை, முந்தாதே. சிவப்பு என்றால் செஷன் நின்றது. சட்டென்று பிரேக் போடாமல், கையை உயர்த்தி, மெதுவாக பிட்டுக்கு, அதாவது பைக்குகள் வெளியே வந்து நிற்கிற இடத்துக்கு, வா. மஞ்சளில் சிவப்புக் கோடுகள் என்றால் வழுக்கும். கருப்பில் ஆரஞ்சு வட்டம் என்றால் உன் பைக்கில் ஏதோ கோளாறு, உடனே வெளியே போ. நீலம் என்றால் பின்னால் வேகமானவர் வருகிறார், *உன் லைனை விடாதே*. இதைச் சொல்லும்போது பின்வரிசையில் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள்தான் பிறகு இங்கே வந்து விதி பேசுகிறார்கள்.

முந்துகிறவருக்குத்தான் பொறுப்பு. முன்னால் இருப்பவரைப் பார்க்க முடிகிறது, காத்திருக்க முடிகிறது, இடம் தேர்ந்தெடுக்கவும் முடிகிறது. புதியவர் குரூப்பில் வெளிப்பக்கமாக மட்டும் முந்து, 2 மீட்டர் இடைவெளி விடு என்று பல ஏற்பாட்டாளர்கள் சொல்வதற்கும் காரணம் இதுதான்.

வேகமணி:
2 மீட்டரா? எங்கிருந்து எங்கே? ஹேண்டில்பார் நுனியிலிருந்தா, டயரிலிருந்தா, சாய்ந்திருக்கும்போது முட்டியிலிருந்தா?

கொடிக்காரன்:
2 மீட்டர் என்றால் 2 மீட்டர்.

வேகமணி:
இதைத்தான் சொல்கிறேன். அளவு எங்கிருந்து என்றே தெரியாது, ஆனால் சட்டம் பேசுவார்.

ஈரத்தார்:
நீலக் கொடியோ 2 மீட்டரோ, முன்னால் இருப்பவன் திடீரென்று வேகத்தைக் குறைத்து பக்கத்து ஆளைப் பாதையின் வெளிப்பக்கமாகத் தள்ளினால் என்ன ஆகும் என்று 2015 செபாங் மோட்டோஜிபி பந்தயத்தில் உலகமே பார்த்தது. பந்தய வீரர் ரோசி, இன்னொரு வீரர் மார்க்கெஸுக்குச் செய்தது அதுதான். மார்க்கெஸ் விழுந்தார். ரோசிக்கு 3 தண்டப் புள்ளி, அடுத்த பந்தயமான வலென்சியாவில் கடைசி இடத்திலிருந்து கிளம்பவேண்டி வந்தது.

பழைய அறுநூறு:
அதை இங்கே இழுக்காதீர்கள் தம்பி. அதற்கு முன்னால் எத்தனை வளைவில் மார்க்கெஸ் முந்தி முந்தி விளையாடினார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வலென்சியாவில் கடைசியிலிருந்து கிளம்பி நான்காவதாக வந்தார் ரோசி. சாம்பியன்ஷிப்பை 5 புள்ளியில் லொரென்சோவிடம் விட்டார். இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

ஈரத்தார்:
அப்படியென்றால் தள்ளியது சரியா அண்ணே?

பழைய அறுநூறு:
சரி என்று நான் எப்போது சொன்னேன்? எழுதியதைப் படியுங்கள்.

கொடிக்காரன்:
அவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு ஓட்டுகிறவர்கள். நம் டிராக்கில் ஓட்டுகிறவர் திங்கட்கிழமை காலை வேலைக்குப் போக வேண்டும், அவர் வந்த பைக்கிலேயே வீடு திரும்ப வேண்டும். காப்பீடு பெரும்பாலும் டிராக்கில் செல்லாது. அதனால்தான் சொல்கிறேன், லைனை விடாதீர்கள்.

வேகமணி, மரியாதையைப் பற்றி நீங்கள் பேசியதால் கேட்கிறேன். பிட்டுக்குள் போகும்போது கையைத் தூக்குகிறீர்களா? காலையாவது நீட்டுகிறீர்களா? ஸ்ட்ரெய்ட்டின் கடைசியில் முழு வேகத்தில் வந்து சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வெட்டுகிறீர்கள். பின்னால் வருகிறவர் அடுத்த வளைவுக்குப் போகிறீர்கள் என்று நினைத்து உங்கள் பின்சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு வருகிறார். நான் கொடியோடு நிற்கிற மார்ஷல் போஸ்ட்டிலிருந்து இரண்டு தடவை பார்த்தேன். முந்தும்போது நீங்கள் கேட்கிற மரியாதையை வெளியேறும்போது நீங்கள் கொடுத்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் அந்தப் பச்சைக் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கிற திரவம்) விஷயம். ரேடியேட்டரில் கிளைக்கால் என்ற ரசாயனம் கலந்ததை ஊற்றாதே, வெறும் தண்ணீர் ஊற்று என்று எத்தனை தடவை சொல்லியிருப்போம்? தண்ணீர் சிந்தினால் காய்ந்துவிடும். கிளைக்கால் எண்ணெய் மாதிரி வழுக்கும், லேசில் போகாது. நான்காவது வளைவில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, சிமென்ட் தூளைத் தூவி, துடைப்பத்தால் பெருக்கியவன் நான். புதியவர் குரூப்பின் இருபது நிமிடம் முழுக்க அதிலேயே போனது.

வேகமணி:
அது என் பைக் இல்லை! நூறு தடவை சொல்லியாச்சு. எனக்கு முன்னால் போன பைக்கிலிருந்து சிந்தியது, என் பைக்கின் அடித்தட்டான பெல்லிபேனில் தெறித்தது. பச்சையைப் பார்த்ததும் என்னைக் கைகாட்டிவிட்டீர்கள். அன்றைக்கு மன்னிப்பு கேட்டீர்களா? இல்லை. கையைத் தூக்கவில்லை என்பதும் அதே மாதிரிதான். அடுத்த வளைவுக்கு முன்பே இடது காலை நீட்டுகிறேன். உங்கள் போஸ்ட்டிலிருந்து என் வலது பக்கம்தான் தெரியும்.

நீலக் கொடிக்கு வருகிறேன். மூன்று லேப்பாக ஒருவர் எனக்கு முன்னால் ஒவ்வொரு வளைவின் நடுவிலும் நின்றுவிடுகிறார், ஸ்ட்ரெய்ட்டில் பைக்கின் சக்தியால் ஓடிவிடுகிறார். எங்கே முந்துவது? நீலக் கொடி எதற்கு ஆடுகிறது? காற்று வாங்கவா? ஸ்ட்ரெய்ட்டில் த்ராட்டிலைக் கொஞ்சம் விட்டால் போதும். அதைத்தான் வழிவிடுவது என்கிறேன்.

பழைய அறுநூறு:
இப்போது மட்டும் “ஸ்ட்ரெய்ட்டில் த்ராட்டிலை விட்டால் போதும்”. முதலில் எழுதியது “ஒதுங்கி”. இரண்டும் ஒன்றா?

வேகமணி:
ஒன்றுதான். புரிகிறவர்களுக்குப் புரியும்.

கொடிக்காரன்:
ஒன்று இல்லை. ஒதுங்குவது என்றால் லைனை மாற்றுவது. புதியவர் அப்படித்தான் எடுத்துக்கொள்வார், எடுத்துக்கொண்டும் விட்டார். அவருடைய லீவரைப் பொறுக்கிக் கையில் கொடுத்தவன் நான். ஸ்ட்ரெய்ட்டில் த்ராட்டிலை விடுவதைக்கூட நான் எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவர் அதை எதிர்பார்க்காமல் இருந்தால் அடுத்த விபத்து அதுதான். மூன்று லேப் மாட்டிக்கொண்டீர்களா? பிட் லேனுக்குள் வந்து, பத்து வினாடி நின்று, இடைவெளி பார்த்துத் திரும்ப வெளியே போங்கள். காலியான டிராக் கிடைக்கும். இருபது நிமிடத்தில் பத்து வினாடி பெரிதா? லேப் டைம் கெட்டுவிடும் என்றால் நீங்கள் வந்திருக்க வேண்டியது டிராக் டேக்கு இல்லை, பந்தயத்துக்கு.

வேகமணி:
பிட் லேனுக்குள் நான் போக வேண்டும், மெதுவாகப் போகிறவர் ராஜாவாகச் சுற்ற வேண்டும். நல்ல நியாயம். நானும் அதே நுழைவுச் சீட்டுதான் வாங்கியிருக்கிறேன்.

கொடிக்காரன்:
அவரும் அதேதான் வாங்கியிருக்கிறார்.

ஈரத்தார்:
ரோசி விஷயத்தில் பழைய அறுநூறு அண்ணன் இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

முதல்செஷன்:
மன்னிக்கவும், மறுபடியும் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீலக் கொடி காட்டினால் நான் என்ன செய்ய வேண்டும்?

கொடிக்காரன்:
தம்பி, லைனை விடாதீர்கள். திரும்பிப் பார்க்காதீர்கள். எப்போதும் திரும்புகிற இடத்தில் திரும்புங்கள், எப்போதும் பிரேக் போடுகிற இடத்தில் போடுங்கள். மற்றதை முந்துகிறவர் பார்த்துக்கொள்வார். காலையில் இன்ஸ்ட்ரக்டருக்குப் பின்னால் மெதுவாகச் சுற்றும் லேப்களில் ஒவ்வொரு மார்ஷல் போஸ்ட்டும் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கொடி தெரியாமல் போவதுதான் பெரிய தொல்லை.

வேகமணி:
தம்பி, ஸ்ட்ரெய்ட் வந்ததும் வழிவிடுங்கள். நாளைக்கு நீங்களும் வேகமாக ஓட்டுவீர்கள், அப்போது புரியும்.

கொடிக்காரன்:
வழிவிடாதீர்கள் தம்பி. லைன்.

பழைய அறுநூறு:
தம்பி, முதலில் எந்த குரூப்பில் பேர் கொடுத்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

வேகமணி:
கூலன்ட் விஷயத்துக்கு இன்னும் மன்னிப்பு வரவில்லை. காத்துக்கொண்டிருக்கிறேன்.