புதுப்பிப்பு: அந்தப் பாலைவனக் கல் எந்த வகை என்று தெரிந்துவிட்டது

வடமேற்கு ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் கிடைத்த, காந்தம் ஒட்டுகிற ஒரு விண்கல்லைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். இப்போது ஆய்வக முடிவு வந்திருக்கிறது: சாதாரண காண்டிரைட் (காண்டிரூல் எனும் சிறு உருண்டைகள் கொண்ட, பரவலாகக் கிடைக்கும் கல் வகை விண்கல்), எல்5 வகை. அவ்வளவு மகிழ்ச்சி!

எச் வகையா (இரும்பு அதிகம்) எல் வகையா (இரும்பு குறைவு) என்று இங்கே நீண்ட விவாதம் நடந்தது. காந்த ஈர்ப்பை மட்டும் வைத்து இதைச் சொல்லவே முடியாது. பாலைவனத்தில் கிடக்கும் காலத்தில் உலோகம் துருவாக மாறி ஈர்ப்பு குறைந்துவிடும். இந்தக் கல்லின் சிதைவு நிலை டபிள்யூ3, அதாவது உலோகத்தில் பாதிக்கும் மேல் ஏற்கெனவே துருப்பிடித்துவிட்டது. ஆனால் ஆலிவின் கனிமம் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. எலக்ட்ரான் மைக்ரோபுரோப் என்ற பகுப்பாய்வுக் கருவியில் அதன் ஃபயலைட் அளவு (ஆலிவினில் இரும்பு வகையின் பங்கு) 24 சதவீதத்தை ஒட்டி வந்தது. எச் வகையில் இது சுமார் 16 முதல் 20 வரைதான் இருக்கும். துகளுக்குத் துகள் இந்த ஃபயலைட் அளவு மாறாமல் இருந்ததும் முக்கியம். தான் உடைந்து வந்த தாய்ச் சிறுகோளில் வெப்பத்தால் நன்றாக வெந்த கல் என்பதற்கு அதுவே சாட்சி. காண்டிரூல்களின் விளிம்பு மங்கியிருக்கிறது, ஆனாலும் உருவம் தெரிகிறது. அதனால்தான் வெந்த அளவைக் குறிக்கும் எண் 6 இல்லை, 5.

அப்புறம், பெயர் இன்னும் வரவில்லை. மாதிரித் துண்டு 20 கிராம் கொடுத்தாயிற்று. விண்கல் சங்கத்தின் பெயரிடல் குழு ஒப்புக்கொண்டதும் 'வடமேற்கு ஆப்பிரிக்கா' என்ற பெயரோடு ஓர் எண் கிடைக்கும். கிடைத்ததும் எழுதுகிறேன்.