அது வெடிமருந்து வண்டியாம்! (கார்மார்த்தன் ஆட்டுக் கொட்டகை)

ஆணித்தலை:
போன வாரம் நான் போட்ட படத்துக்குக் கீழே பெரிய_பிரேக்வேன் சார் ஒரே வரியில தீர்ப்பு எழுதிட்டுப் போயிட்டார். "இது கிரேட் வெஸ்டர்ன் வெடிமருந்து வண்டி. சந்தேகமே இல்லை." அதுக்கப்புறம் அங்க ஒருத்தரும் வாயைத் திறக்கல. படம் எடுத்தவன் நான். முள்ளுக்குள்ள நின்னு ஜீன்ஸைக் கிழிச்சுக்கிட்டவனும் நான். அதனால இங்க தனியாக் கேக்கறேன்.

படம் பார்க்காதவங்களுக்கு: வேல்ஸ்ல கார்மார்த்தன் பக்கம் ஒரு ஆட்டுப் பண்ணை. அங்க ஒரு பழைய கூட்ஸ் வேனோட உடம்பு மட்டும் சக்கரம் இல்லாம, அடிச்சட்டம் இல்லாம, நாலு ஸ்லீப்பர் கட்டை மேல உக்காந்திருக்கு. கழிச்சுக் கட்டின வேன்களை ரயில்வே அந்தக் காலத்துல இப்படி உடம்பை மட்டும் வித்துச்சு. ஊர் ஊரா கோழிக்கூடும் தீவனக் கொட்டகையுமாக் கிடக்கு. இது முழுக்க இரும்புத் தகடு, வரிசை வரிசையா ரிவெட், 16 அடி நீளம். சாதாரண இரும்பு மிங்க், அதாவது மூடின சரக்கு வேன். கிரேட் வெஸ்டர்ன் ரயில் கம்பெனியோட ஸ்விண்டன் பட்டறையில 1880கள்ல ஆரம்பிச்சு நாலாயிரத்துக்கு மேல செஞ்சு தள்ளின வண்டி. வெடிமருந்து வேன் அதுல கொஞ்சூண்டு. நாலாயிரத்தை விட்டுட்டு அந்தக் கொஞ்சூண்டுல போய் விழறதுக்கு ஒரு காரணம் வேணாமா?

பெரிய_பிரேக்வேன்:
தம்பிக்கு வணக்கம். நான் ஒரு வரியில் எழுதியதற்குக் காரணம், அதில் ஒரு வரிக்கு மேல் விஷயம் இல்லை. சாதாரண மிங்க் என்றால் முனைச்சுவரின் உச்சியில் காற்றுப் போக வென்ட் இருக்கும். வெடிமருந்து வண்டிக்கு இருக்காது. நீராவி எஞ்சின் காலம் அது, புகைபோக்கியிலிருந்து கங்கு பறக்கும். பொறி உள்ளே போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் படத்தில் வென்ட் எங்கே? இல்லை. முடிந்தது. நான் இந்த வண்டிகளை முப்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கொடிகாமத்தான்:
அண்ணை, முப்பது வருசமாப் பாக்கிறியள், சரி. போன வருசம் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில சுண்ணாம்பு பூசின, மாடு ஏத்திற ரயில் வண்டியைக் கண்டிட்டு "இது மைக்கா, ஐஸ் வைச்சு இறைச்சி கொண்டுபோன வான்" எண்டு அடிச்சுச் சொன்னதும் நீங்கள்தானே? பலகைக்கும் பலகைக்கும் நடுவில கையை விடலாம். ஐஸ் உருகேல்லையோ?

பெரிய_பிரேக்வேன்:
அந்தப் படம் தெளிவில்லாதது. இறைச்சி வண்டிகளும் வெள்ளை அடித்தவைதான். அதை இங்கே இழுக்க வேண்டாம். மேலும் அது வேன். வான் என்றால் ஆகாயம்.

கொடிகாமத்தான்:
எங்கட ஊரில வான் எண்டுதான் சொல்லுறது. ஆகாயத்தை ஆகாயம் எண்டே சொல்லுவம். உங்கட வேன் என்ன, தொல்காப்பியத்தில கிடக்குதாக்கும்.

ஷண்டிங்_செல்வி:
ஒரு நிமிஷம். சண்டைக்கு முன்னாடி வார்த்தையைத் தீர்த்துக்கலாமா? 'மிங்க்'ங்கறது தந்திச் சொல். ஒரு ஸ்டேஷன்ல இருந்து இன்னொரு ஸ்டேஷனுக்கு "மூடின சரக்கு வேன் ரெண்டு அனுப்பவும்"னு தந்தி அடிச்சா வார்த்தை நீளும். அதனால கிரேட் வெஸ்டர்ன்காரங்க வண்டி வகைக்கு ஒரு சொல்னு வச்சுக்கிட்டாங்க. மூடின வேன் மிங்க், கார்டு வண்டி டோட், நடுவுல பள்ளமா இறங்கி கனமான இயந்திரம் ஏத்தறது குரோக்கடைல், கப்பல் புரொப்பெல்லர் ஏத்தறதுக்குன்னே ஒண்ணு, மோரெல். வெடிமருந்து வேனுக்குக் கோன்.

இப்போ கேள்வி: ஸ்விண்டன்ல கோன் செய்யும்போது அதே இரும்பு மிங்க் உடம்பைத்தான் எடுத்துக்கிட்டாங்க. அப்போ நாம பேசறது உடம்பையா, அது செஞ்ச வேலையையா? இதைத் தீர்க்காம எத்தனை பக்கம் எழுதினாலும் வீண்.

ஆணித்தலை:
அக்கா சொல்றது இருக்கட்டும். சார், மூணாவது படத்தைப் பெரிசு பண்ணிப் பாருங்க. முனைச்சுவர் உச்சியில ஒரு ஒட்டுத் தகடு. சுத்தி எல்லா ரிவெட்டும் உருண்டைத் தலை. இந்தத் தகட்டுல மட்டும் ஆறு பட்டை போல்ட்டு, கீழ வலது மூலையில ஒண்ணு காணோம். சாரல் அடிக்குதுன்னு பண்ணைக்காரர் வென்ட்டை அடைச்சிருக்கார். வென்ட் அதுக்குக் கீழதான் இருந்திருக்கு.

பெரிய_பிரேக்வேன்:
இருந்திருக்கும் என்பது வேறு, இருந்தது என்பது வேறு. துரு தின்ற இடத்தில் எல்லாம் தகடு அடிப்பார்கள். தகடு இருந்தால் அதன் கீழ் வென்ட் இருந்தது என்று எந்தச் சட்டம்? என் கால்சட்டையில்கூட ஒட்டு இருக்கிறது. அங்கே வென்ட் இருந்ததா?

கொடிகாமத்தான்:
அதை நாங்கள் எப்பிடி அண்ணை அறியிறது.

ஆணித்தலை:
😂😂

பெரிய_பிரேக்வேன்:
சிரிப்பவர்கள் சிரிக்கலாம். தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காக எழுதுகிறேன். வெடிமருந்து வண்டியின் உட்புறம் முழுக்க மரப்பலகை அடித்திருக்கும், வெற்று இரும்பு எங்கும் தெரியக் கூடாது. லாடம் அடித்த பூட்ஸோடு யாரும் உள்ளே ஏற முடியாது, மேலே மாட்டிக்கொள்ளத் தனிச் செருப்பு உண்டு. எஞ்சினை ஒட்டி மாட்டமாட்டார்கள். இவ்வளவு பயந்து பயந்து ஓட்டிய வண்டியில் உச்சியில் ஓட்டை போட்டு வைப்பார்களா? மாட்டார்கள். உங்கள் வண்டியில் ஓட்டை இல்லை. ஆகவே?

இன்னொன்று. சாதாரண இரும்பு மிங்க் கட்டுவது 1900ஐ ஒட்டி நின்றுபோனது. இரும்புச் சுவர் உள்ளே வியர்த்துக் கொட்டும், சரக்கு ஈரமாகும், அதனால் மறுபடி மரத்துக்கே போனார்கள். ஆனால் வெடிமருந்துக்கு அந்த வடிவம் தொடர்ந்தது. 1948இல் நாட்டுடைமை ஆன பிறகு பிரிட்டிஷ் ரயில்வேயும் அதே சாயலில் கட்டியது. எது அதிக நாள் ஓடியது என்று யோசியுங்கள்.

ஆணித்தலை:
அதிக நாள் ஓடினது எதுக்கு சார் ஆட்டுக் கொட்டகையா வரணும்? சீக்கிரம் கழிச்சுக் கட்டினதுதானே வரும்? நீங்களே எனக்கு வக்காலத்து வாங்கிட்டீங்க.

பெரிய_பிரேக்வேன்:
வென்ட் எங்கே?

புதுப்_போர்ட்டர்:
நடுவுல வந்ததுக்கு மன்னிக்கணும். தந்திச் சொல்னு சொன்னதும் ஒரு சந்தேகம். ஷார்க், டாக்ஃபிஷ், கேட்ஃபிஷ்னு மாடல் கடையில பார்த்தேன். இதெல்லாம் மீன் ஏத்தின வண்டிங்கதானே?

ஷண்டிங்_செல்வி:
இல்லப்பா. அதெல்லாம் தண்டவாளப் பராமரிப்பு வண்டிங்க. டாக்ஃபிஷ், கேட்ஃபிஷ் ரெண்டும் ஜல்லிக் கல்லை அடியில கொட்டற ஹாப்பர். ஷார்க் கார்டு வண்டி, கொட்டின கல்லைப் பரத்த அடியில கலப்பை மாதிரி ஒண்ணு இருக்கும். மெர்மெய்ட் பக்கவாட்டுல கவுத்துக் கொட்டும். நிஜமாவே மீன் ஏத்தினதுக்குக் கிரேட் வெஸ்டர்ன் வச்ச பேரு புளோட்டர்.

புதுப்_போர்ட்டர்:
அப்போ மீன் பேரு வச்சதுல எல்லாம் கல்லுதானா?

பெரிய_பிரேக்வேன்:
இது வெடிமருந்து வண்டிக்கான இழை. மீன் வேண்டும் என்பவர்கள் தனியாகத் திறந்துகொள்ளவும்.

கொடிகாமத்தான்:
ஓம், மாட்டு வண்டிக்கும் தனியத் திறக்கட்டோ?

ஆணித்தலை:
இன்னைக்குக் காலையில மறுபடி போனேன். குளிர்சாதனப் பெட்டியில ஒட்டியிருக்கும்ல, அந்த மாதிரி ஒரு காந்தத்தைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டேன். சார் சொன்ன மரப்பலகை ஒரு மூலையில ரெண்டு முழம் மட்டும் மிச்சம். நடுவுல ஒரு ஆணி, சுத்தி பலகை கறுத்துப் போயிருக்கு. காந்தத்தை வச்சேன், டக்குன்னு பிடிச்சுக்கிச்சு. இரும்பு ஆணி. வெற்று இரும்பே தெரியக் கூடாதுன்னு நீங்கதானே பாடம் எடுத்தீங்க?

பெரிய_பிரேக்வேன்:
பலகை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதற்கு நன்றி. ஆணி பண்ணைக்காரர் பிறகு அடித்தது.

ஆணித்தலை:
தகடு அடிச்சது பண்ணைக்காரர் இல்ல, ஆணி அடிச்சது மட்டும் பண்ணைக்காரரா? நல்லா இருக்கு நியாயம்!

பெரிய_பிரேக்வேன்:
ஆணிக்கும் வென்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?

ஆணித்தலை:
இன்னொன்னும் இருக்கு. கதவோரம் பேனாக்கத்தியால லேசாச் சுரண்டினேன். மேல பண்ணைப் பச்சை, அதுக்குக் கீழ சாம்பல், அதுக்கும் கீழ சிவப்பு. அப்போ இது பழைய சிவப்புக் காலத்து மிங்க்தானே?

பெரிய_பிரேக்வேன்:
சிவப்பு ஈயம். துரு பிடிக்காமல் இருக்க முதலில் அடிக்கும் பூச்சு. வீட்டு ஜன்னல் கம்பிக்கு அடிப்பதில்லையா? அதை வைத்து வயது சொல்வது குழந்தைத்தனம். தவிரவும், கிரேட் வெஸ்டர்ன் வேகன்கள் 1898 வாக்கிலேயே சாம்பல் நிறத்துக்குப் போய்விட்டன.

ஷண்டிங்_செல்வி:
யார் சொன்னது 1898? பெரிய எழுத்து வந்தது 1904ல. பக்கவாட்டுல 25 அங்குல உயரத்துக்கு ஜி, டபிள்யூன்னு ரெண்டே ரெண்டு எழுத்து. அதோட சேர்ந்துதான் சாம்பலும் வந்துச்சு. அதுக்கு முன்னாடி வார்ப்பிரும்பு நம்பர் பலகை, சிவப்பு உடம்பு.

பெரிய_பிரேக்வேன்:
25 அங்குலம் 1904, மறுக்கவில்லை. சாம்பல் அதற்கு முன்பே வந்துவிட்டது. புகைப்படங்களைப் பாருங்கள், வண்டிகள் எவ்வளவு கருமையாகத் தெரிகின்றன.

ஷண்டிங்_செல்வி:
அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டு ஃபிலிமுக்குச் சிவப்பே தெரியாது. சிவப்பும் கருமையாத்தான் விழும். இதுகூடத் தெரியாம முப்பது வருஷமா படம் பார்த்தீங்களா? இந்தச் சிவப்பு சாம்பல் விஷயத்துல உங்களை மாதிரி ஆளுங்ககிட்ட பேசிப் பேசி எனக்குத் தொண்டை வத்திப் போச்சு. வேகனை வேகனா வாங்கி மாடலுக்குச் சாம்பல் அடிச்சு வச்சுட்டு, இப்போ மாத்தணுமேன்னு மனசு வரல உங்களுக்கு. அதான் விஷயம்.

பெரிய_பிரேக்வேன்:
என் மாடல்கள் எதற்கு இங்கே? அவை பதினான்கு. நன்றாகத்தான் அடித்திருக்கிறேன்.

கொடிகாமத்தான்:
செல்வி அக்கா, "முதல்ல வார்த்தையைத் தீர்ப்பம்" எண்டு வந்த ஆள் நீங்கள். இப்ப பாருங்கோ.

ஷண்டிங்_செல்வி:
நான் கேட்டப்போ ஒருத்தராவது பதில் சொன்னீங்களா?

கொடிகாமத்தான்:
அது சரி. எனக்கொரு கேள்வி. கிரேட் வெஸ்டர்ன் எண்டு ஆர் முடிவு கட்டினது? டாஃப் வேல், பாரி ரெண்டு கொம்பனியும் இதே மாதிரி இரும்பு வான் வைச்சிருந்தவை. 1922ல கிரேட் வெஸ்டர்ன் ரெண்டையும் விழுங்கினாப் பிறகுதான் எல்லாத்துக்கும் அவையின்ர நம்பர். நிக்கிறது தெற்கு வேல்ஸ். நீங்கள் ரெண்டு பேரும் ஆற்றையோ பிள்ளைக்குப் பேர் வைக்கச் சண்டை பிடிக்கிறியள்.

ஆணித்தலை:
அப்படின்னாலும் அது மிங்க் மாதிரிதானே? வெடிமருந்து இல்லையே?

பெரிய_பிரேக்வேன்:
டாஃப் வேலாக இருக்கட்டும், பாரியாக இருக்கட்டும். வென்ட் எங்கே?

கொடிகாமத்தான்:
அண்ணை, நித்திரையிலயும் இதையே கேப்பியளோ?

ஆணித்தலை:
சார், உண்மையைச் சொல்லிடறேன். நாம இவ்வளவு நேரம் பேசினது ஒரு முனைச்சுவர் மட்டும். மறுமுனையை நானே பார்க்கல. முழுக்க முள்ளுப்புதர், உள்ள ஒரு தாய் ஆடு குட்டியோட இருக்கு, கிட்டப் போனா முட்ட வருது. பண்ணைக்காரரும் குட்டி போடற சீசன் முடியட்டும்னு சொல்லிட்டார். அங்க அடைக்காத வென்ட் இருந்தா என்ன சொல்வீங்க?

பெரிய_பிரேக்வேன்:
இருக்காது.

ஆணித்தலை:
இருந்தா?

பெரிய_பிரேக்வேன்:
இருந்தால், அது பண்ணைக்காரர் பிறகு வெட்டியதாக இருக்கும். ஆடுகளுக்குக் காற்று வேண்டும் அல்லவா.

ஷண்டிங்_செல்வி:
ஒரு முனையில காத்து வேணாம்னு அடைச்சார்னா நம்பமாட்டீங்க. மறுமுனையில காத்து வேணும்னு வெட்டினார்னா நம்பணும். பண்ணைக்காரர் பாவம்யா.

புதுப்_போர்ட்டர்:
டிட்காட் ரயில் மியூசியத்துல ஒரு இரும்பு மிங்க் இருக்குன்னு கேள்விப்பட்டேன். அதோட பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பார்த்தா தெரியாதா?

பெரிய_பிரேக்வேன்:
ஒப்பிட்டு என்ன அளப்பது? உடம்பு இரண்டுக்கும் 16 அடிதான். டேப் வைத்து அளந்து தீர்க்கிற விஷயம் என்றால் நான் இவ்வளவு எழுத வேண்டியதே இல்லை. வித்தியாசம் ஒன்றில்தான் இருக்கிறது, அது எதில் என்று ஆறு முறை சொல்லிவிட்டேன்.

ஷண்டிங்_செல்வி:
இதைத்தானே நான் மேல சொன்னேன், ரெண்டும் ஒரே உடம்புன்னு! அப்போ காது கேக்கலையா?

பெரிய_பிரேக்வேன்:
நீங்கள் சொன்னது வேறு. நான் சொல்வது வேறு.

புதுப்_போர்ட்டர்:
சரி... சீலயன்னா என்ன ஏத்துவாங்க?

ஷண்டிங்_செல்வி:
கல்லு.

கொடிகாமத்தான்:
ஒரு மாதிரித் தேடிப் பிடிச்சிட்டன், அந்த மாட்டு வண்டிப் படத்தை. பலகை இடுக்கால ஒரு மாடு மூக்கை வெளியில நீட்டிக்கொண்டு நிக்குது. போடட்டோ அண்ணை?