கறுப்புப் பெட்டி இல்லாத குட்டி விமானம் விழுந்தால் காரணத்தை எதை வைத்துச் சொல்கிறார்கள்?

முத்து_77:
2017 மே 8-ல் கலிபோர்னியாவில் பெரியெசா ஏரிக்கரையில் ஐகான் ஏ5 விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். ஓட்டியவர் அந்த நிறுவனத்தின் தலைமைச் சோதனை விமானி, விமானத்தை உருவாக்கியவர்களில் ஒருவரும்கூட. விமானத்தில் கோளாறு இல்லை, தாழப் பறந்தபோது மலையிலிருந்து விலகியிருக்கத் தவறினார் என்றுதான் அமெரிக்க விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி முடித்தது. இரண்டு இருக்கை விமானம், உள்ளே இருந்த இருவரும் போய்விட்டார்கள். அப்புறம் கோளாறு இல்லை என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்? உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை.

ஹேங்கர்வாசி:
நான் ஒரு பயிற்சிப் பள்ளியில் பல வருடம் மெக்கானிக்காக இருந்தவன். முதலில் பார்ப்பது புரொப்பெல்லரைத்தான் சார். இன்ஜின் நின்றுபோய் விழுந்த விமானத்தில் உலோக பிளேடு பின்பக்கம் மடங்கிக் கிடக்கும், அவ்வளவுதான். வேகமாகச் சுற்றிக்கொண்டே மோதியிருந்தால் முறுக்கிக்கொண்டு எஸ் போல வளைந்திருக்கும், குறுக்காகக் கீறல்கள் விழுந்திருக்கும். அப்புறம் கன்ட்ரோல் கேபிள், அதாவது விமானி இழுப்பதை இறக்கை, வால் பலகைகளுக்குக் கொண்டுபோகும் கம்பி வடம். அறுந்த முனை துடைப்பம் மாதிரி பிரிபிரியாக விரிந்திருந்தால் மோதலின் இழுவையில் அறுந்தது. இழைகள் தேய்ந்து ஒவ்வொன்றாகப் போயிருந்தால் அது பழைய நோய். பழைய விமானங்களில் எச்சரிக்கை விளக்கின் உள்கம்பியைக்கூட லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள், எரிந்துகொண்டிருந்தபோது அடிபட்ட கம்பி நீண்டு தொங்கும். கறுப்புப் பெட்டி இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ், இன்ஜின் கம்ப்யூட்டர் சிப்புகளில் மின்சாரம் போன பிறகும் பதிவு அழியாது. அதே வருடம் நவம்பரில் பேஸ்பால் வீரர் ராய் ஹாலடே இன்னொரு ஏ5-ல் புளோரிடா கடலில் விழுந்தாரே, அவர் தண்ணீருக்கு மேல் வெறும் 11 அடியில் 92 நாட் (மணிக்குச் சுமார் 170 கி.மீ.) வேகத்தில் போனது இப்படிப்பட்ட பதிவிலிருந்துதான் தெரிந்தது.

தாழ்வாரம்:
மேலே சொன்னது சரி. பெரியெசாவில் சாட்சியும் இருந்தது. படகில் இருந்தவர் விமானம் தண்ணீரை ஒட்டிப் போனதைப் பார்த்திருக்கிறார், பிறகு இன்ஜின் சத்தம் கூடியதையும் கேட்டிருக்கிறார். மலை சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்குக்குள் நுழைந்த விமானம் சுமார் 100 அடி ஏறி இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. சத்தம் கூடியது என்றால் இன்ஜின் உயிரோடு இருந்தது என்றுதானே அர்த்தம்? நான் கொஞ்சகாலம் பறக்கக் கற்றவன் என்பதால் அந்தத் திருப்பத்தை நினைத்தாலே வயிறு கலங்குகிறது. உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்த்துத் திரும்பினால் இறக்கை இரண்டு மடங்கு எடையைத் தாங்க வேண்டும், ஸ்டால் ஆகும் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது என்ற வேகம், 41 சதவீதம் கூடிவிடும். சாய்வைக் குறைத்தால் வட்டம் பெரிதாகி எதிரே உள்ள மலைச் சுவரில் இடிக்கும். மூன்று பக்கமும் மலை, கீழே 100 அடி. விமானத்துக்கே பாராசூட் உண்டு, ஆனால் அது விரிய உயரம் வேண்டுமே.

முத்து_77:
நன்றி, இப்போது புரிகிறது. ஆனால் இவ்வளவு அனுபவம் உள்ளவர் ஏன் அந்தப் பள்ளத்தாக்குக்குள் போனார்?

தாழ்வாரம்:
ஏரியின் அகன்ற பகுதிக்குப் போகும் வேறொரு பள்ளத்தாக்கு என்று நினைத்து நுழைந்திருக்கலாம் என்கிறது அறிக்கை. "இருக்கலாம்" என்றுதான் எழுதியிருக்கிறார்கள், கேட்க அவர் இல்லை. 1,000 அடி மேலே போயிருந்தால் இரண்டு பள்ளத்தாக்கும் சேர்ந்து கண்ணில் பட்டிருக்கும். தண்ணீரை ஒட்டிப் போகும்போது அடுத்த வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்றே தெரியாது சார்.