சைக்கிள் கேரியரில் பிள்ளையை வைத்தால் ஹேண்டில் ஆடுகிறது, என்ன செய்வது?

கும்பகோணத்துக்காரி

வணக்கம். பெண்ணுக்கு நாலு வயது முடிந்து எல்.கே.ஜி. போகிறாள். பள்ளிக்கூடம் ரெண்டு கிலோமீட்டருக்குள்தான். ஆட்டோவில் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு போவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அதனால் நான் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது அரசாங்கம் கொடுத்த சைக்கிளைக் கொட்டகையிலிருந்து எடுத்துத் துடைத்து, புது டயர், புது ட்யூப் போட்டேன். கேரியர் மேல் கம்பியில் செய்த குழந்தைச் சீட்டு ஒன்றை மாட்டியிருக்கிறேன்.

தனியாக ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. பாப்பாவை உட்காரவைத்துக் கிளம்பினால் முதல் நாலைந்து மிதிக்கு ஹேண்டில் இடமும் வலமும் ஓடுகிறது. வேகம் பிடித்ததும் சரியாகிவிடும். நிறுத்தப்போனால் மறுபடியும் அதே கூத்து. ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது பின்பக்கம் தனியாக ஒரு ஆட்டம் போடுகிறது. பாப்பா பதினாறு கிலோ.

வீட்டுக்காரர், "உனக்குப் பயம், அதான் கை நடுங்குது" என்கிறார். மாமியாருக்கு நான் சைக்கிள் எடுத்ததே பிடிக்கவில்லை, அவரைச் சொல்லிப் பயனில்லை. பயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பயம் மட்டும்தான் காரணமா?

ஸ்கூட்டர் பிரியன்

எதுக்கு இந்த வம்பு? ஒரு ஸ்கூட்டி வாங்கிடுங்க.

கும்பகோணத்துக்காரி

வாங்க முடிந்தால் வாங்கியிருப்பேன் சார். சைக்கிளைப் பற்றிக் கேட்டேன்.

கடைத்தெரு மெக்கானிக்

தங்கச்சி, பயத்தை அப்புறம் பார்ப்போம், முதலில் வண்டியைப் பார்ப்போம். புது டயர் போட்டேன் என்கிறீர்கள் அல்லவா, எனக்கு அங்கேதான் சந்தேகம். டயர் மாற்றப் பின்சக்கரத்தைக் கழற்றியிருப்பார்கள். கேரியரின் கால்கள் ரெண்டும் அந்தச் சக்கரத்தின் ஆக்ஸில் நட்டில்தான் வந்து மாட்டும். திரும்ப மாட்டும்போது அவசரத்தில் வாஷரை விட்டுவிடுவதும், நட்டை அரைகுறையாக முடுக்குவதும் சகஜம். வெறும் கேரியராக இருக்கும்வரை அது வெளியே தெரியாது.

பாப்பா இல்லாமல் வண்டியை ஸ்டாண்டு போடுங்கள். ஒரு கையால் நீங்கள் உட்காரும் சீட்டையும் மறுகையால் குழந்தைச் சீட்டின் முதுகையும் பிடித்து எதிரெதிராக ஆட்டிப் பாருங்கள். கேரியர் தனியாக, வண்டி தனியாக அசைந்தால் ஸ்பீடு பிரேக்கர் ஆட்டத்துக்குக் காரணம் அதுதான். அப்படியே பின்சக்கர ரிம்மைப் பிடித்து இடம் வலமாக அசையுங்கள். டக்டக் என்றால் கோன், அதாவது ஆக்ஸிலில் சக்கரத்தை ஆடாமல் பிடிக்கிற திருகு, லூஸ்.

அடுத்து முன்பக்கம். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளுங்கள். ஹேண்டில் கழுத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டால் ஆட்டம் கையிலேயே தெரியும். தெரிந்தால் கப், அதாவது ஹேண்டில் கழுத்துக்குள் குண்டுகள் உருள்கிற கிண்ணம், லூஸ். ஆனால் வருஷக்கணக்கில் கொட்டகையில் கிடந்த வண்டிக்கு இதைவிட நேர்மாறான கோளாறுதான் அதிகம் வரும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்து ஹேண்டிலைக் கொஞ்சம் சாயுங்கள். தானாக ஒரு பக்கம் விழ வேண்டும். விழாமல் நடுவிலேயே ஒட்டிக்கொண்டு நின்றால், உள்ளே கிரீஸ் காய்ந்து, பால்ரஸ் என்கிற அந்த இரும்புக் குண்டுகள் கப்பில் பள்ளம் போட்டுவிட்டன என்று அர்த்தம். மெதுவாகப் போகும்போது நாம் அறியாமலே ஹேண்டிலை இழையிழையாகத் திருப்பித்தான் விழாமல் நிற்கிறோம். பள்ளத்தில் சிக்கிச் சிக்கித் திரும்பினால் வண்டி பாம்பு மாதிரிதான் போகும். வேகம் வந்ததும் சரியாகிறது என்று நீங்கள் சொல்வதும் இதோடு ஒத்துப்போகிறது.

பின் டயரில் காற்று எவ்வளவு? டயரின் பக்கவாட்டிலேயே அளவு அச்சடித்திருக்கும். டபுள்ஸ் போகிறவர்கள் அதில் மேல் அளவையொட்டி அடிக்கலாம்.

ரெண்டு பையன் அம்மா

பின்னால் எதற்கு, முன்னால் வையுங்கள். ஹேண்டிலுக்குப் பின்னாடி மாட்டுகிற சின்னச் சீட்டு கிடைக்கிறது. பிள்ளை கண்முன்னே இருக்கும், பேசிக்கொண்டே போகலாம். என் சின்னவனை அப்படித்தான் கூட்டிப்போனேன்.

உட்ரெக்ட் வாசி

அது சின்னப் பிள்ளைகளுக்குச் சரி அக்கா. இவர்கள் பாப்பா பதினாறு கிலோ என்கிறார்கள். ஐரோப்பியத் தரவிதிப்படி முன் சீட்டு 15 கிலோ வரைதான், பின் சீட்டு 22 கிலோ வரை. எடையை விட்டாலும், நாலு வயதுப் பிள்ளை முன்னால் உட்கார்ந்தால் மிதிக்கும்போது முட்டி இடிக்கும். முட்டியை அகட்டிக்கொண்டு மிதித்தால் வண்டி இன்னும் ஆடும்.

இங்கே நெதர்லாந்தில் காலையில் பள்ளிக்கூட வாசலில் நின்றால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று அம்மாக்கள் வந்து இறங்குவதைப் பார்க்கலாம். அவர்களுக்குத் தைரியம் ஜாஸ்தி என்று நானும் நினைத்ததுண்டு. பக்கத்தில் போய்ப் பார்த்தால் வண்டியே வேறு. பிள்ளைக்கென்றே எடை தாங்கும் கனமான கேரியர், அதில் எத்தனை கிலோ என்று அச்சடித்திருக்கும். ரெண்டு கால் அகட்டி நிற்கும் ஸ்டாண்டு. முன் ஃபோர்க்கையும் ஃபிரேமையும் இணைத்து ஒரு ஸ்பிரிங், பிள்ளையை ஏற்றும்போது முன்சக்கரம் திரும்பிக்கொள்ளாமல் இருக்க.

கும்பகோணத்து அக்கா ஒன்று பாருங்கள். குழந்தைச் சீட்டின் நடு, பின்சக்கர ஆக்ஸிலுக்கு நேர் மேலே இருக்கிறதா, பின்னால் தள்ளி இருக்கிறதா? இங்கே விற்கிற சீட்டுகளில் பிள்ளையின் எடை விழும் இடத்தைக் கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். அது ஆக்ஸிலுக்குப் பின்னால் 10 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. தாண்டினால் பின்பாரம் இழுத்து முன்சக்கரம் லேசாகிவிடும்.

புதுக்கோட்டைச் சித்தி

பாப்பா, நான் சைக்கிள் கற்றது கல்யாணத்துக்கு அப்புறம்தான். 1991 வாக்கில் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அம்மா காலம். எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஊரில் பேசாத பேச்சு இல்லை. பேசிய வீட்டுப் பெண்களே கொஞ்ச நாளில் ஹேண்டிலில் தண்ணீர்க் குடத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு போனார்கள். அப்போது லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு, பாதிப் பேர் ஆம்பளை சைக்கிள்தான் ஓட்டினோம். அதைத்தான் வேண்டும் என்று கேட்டவர்களும் உண்டு. ஏன் தெரியுமா? நடுவில் பார் இருக்கிறதே, அதில் பிள்ளையை உட்காரவைக்கலாம். துண்டைச் சுற்றி என் மகனை அதில்தான் வைத்துப் போவேன். இந்தக் காலத்துக்கு அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இடத்தில் பாரம் இருந்தால் வண்டி ஆடாது, பாரம் பின்னால் தள்ளிப் போகக் கூடாது என்று உட்ரெக்ட் தம்பி சொல்வதும் அதற்குத்தான்.

சரி, வண்டியைச் சரிபார்த்த பிறகு ஒன்று செய். பிள்ளைக்குப் பதில் பத்துக் கிலோ அரிசிப் பையை அந்தச் சீட்டில் வைத்துப் பெல்ட் போட்டுக் கட்டு. விடியக்காலம் ஆள் நடமாட்டம் இல்லாத தெருவில் கிளம்பு, நிறுத்து, கிளம்பு, நிறுத்து. அதை மட்டும் பழகு. தூரம் ஓட்டத் தேவையில்லை. கை பழகியதும் பையின் எடையைக் கூட்டு.

ஏறுகிற விதமும் முக்கியம். ஒரு காலைப் பெடலில் வைத்துக்கொண்டு மறுகாலால் தெத்தித் தெத்தி ஏறுகிறாயா? தனியாகப் போக அது சரி, பிள்ளை பின்னால் இருந்தால் ஆகாது, வண்டி ஒரு பக்கம் சாயும். லேடீஸ் சைக்கிள்தானே, நடுவில் காலை விட்டு நின்றுகொள். ரெண்டு காலும் தரையில், ரெண்டு பிரேக்கும் கையில். வலது பெடலை மேலே கொண்டுவந்து பாதி முன்னால் நிறுத்து. பிரேக்கை விட்டு அதை ஒரே அழுத்தாக அழுத்தினால் வண்டி நகரும், நீ தானாகச் சீட்டுக்குப் போய்விடுவாய். நிறுத்தும்போது இதையே திருப்பிச் செய். சீட்டிலிருந்து முன்னால் வழுக்கி இறங்கிக் காலை ஊன்று. சீட்டில் உட்கார்ந்தபடி கால்விரல் நுனியால் தரையைத் தேடாதே.

கும்பகோணத்துக்காரி

சித்தி, நான் தெத்தித் தெத்திதான் ஏறுகிறேன்! மெக்கானிக் அண்ணன் சொன்னபடி இன்று மாலை ஆட்டிப் பார்த்தேன். கேரியரின் இடது கால் ஆக்ஸிலில் சும்மா ஒட்டிக்கொண்டு இருக்கிறது, நட்டைக் கையாலேயே திருக முடிகிறது. முன்சக்கரத்தைத் தூக்கினால் ஹேண்டில் நடுவிலேயே நிற்கிறது, தட்டினால்தான் விழுகிறது. குழந்தைச் சீட்டின் நடு ஆக்ஸிலைத் தாண்டி ஒரு சாணுக்குமேல் பின்னால் இருக்கிறது. முன்னால் தள்ளி மாட்டினால் என் முதுகில் பாப்பாவின் முழங்கால் இடிக்கும் என்று கடையில் அப்படிப் போட்டுவிட்டார்கள்.

கடைத்தெரு மெக்கானிக்

அப்புறம் என்ன, கை நடுங்கவில்லை, வண்டிதான் நடுங்கியிருக்கிறது. உங்கள் வீட்டுக்காரரிடம் இதைக் காட்டுங்கள்.

ஓவராயிலிங் என்று சொல்லி விடுங்கள். கப், பால்ரஸ் மாற்றி, கிரீஸ் வைத்து, ரெண்டு சக்கரத்துக்கும் கோட்டம் எடுக்கச் சொல்லுங்கள், அதாவது ரிம்மின் நெளிவை நேராக்கச் சொல்லுங்கள். கேரியரையும் பாருங்கள். ஸ்பிரிங் கிளிப் வைத்த சின்னக் கேரியர் டிபன் பாக்ஸுக்கும் புத்தகத்துக்கும்தான் லாயக்கு. பட்டையான கம்பியில் செய்த கனமான கேரியராக மாற்றிக்கொள்ளுங்கள். முழங்கால் இடித்தால் பரவாயில்லை, சீட்டை முன்னால் தள்ளி மாட்டுங்கள்.

சைடு ஸ்டாண்டு இருந்தால் அதைக் கழற்றிவிட்டு டபுள் ஸ்டாண்டு. சைடு ஸ்டாண்டில் நிறுத்திப் பிள்ளையை உட்காரவைத்துவிட்டுப் பை எடுக்கத் திரும்புவார்கள், வண்டி சரியும். எந்த ஸ்டாண்டாக இருந்தாலும் பையை முதலில் வைத்துவிட்டுப் பிள்ளையைக் கடைசியில் ஏற்றுங்கள். இறக்கும்போது பிள்ளை முதலில். ஒரு கை எப்போதும் வண்டியில் இருக்கட்டும். பள்ளிப் பையை ஹேண்டிலில் தொங்கவிட வேண்டாம், முன் கூடையில் போடுங்கள்.

அவசரமான விஷயம் இன்னொன்று. பாப்பாவின் கால் எங்கே இருக்கிறது?

கும்பகோணத்துக்காரி

தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. காலை அகட்டி வை என்று சொல்லியிருக்கிறேன்.

எலும்பு வார்டு நர்ஸ்

சொன்னால் போதாதுங்க. பிள்ளை தூங்கிவிடும், இல்லை வேடிக்கை பார்க்கும், குதிகால் ஸ்போக்ஸ் கம்பிக்குள் போய்விடும். கணுக்காலும் குதிகாலும் கிழிந்து வருகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வெளியே சின்னக் காயமாகத் தெரியும், உள்ளே தோல் நசுங்கி ஆற வெகுநாள் ஆகும். பின்சக்கரத்தின் ரெண்டு பக்கமும் மூடாமல் பாப்பாவை ஏற்றாதீர்கள். காலுக்கு மிதிகட்டையும் அதில் பெல்ட்டும் வேண்டும். ஷூ போட்டுத்தான் கூட்டிப்போக வேண்டும், செருப்பு கூடாது. ஹெல்மெட் புருவத்துக்கு மேல் ரெண்டு விரல் அகலத்தில் இருக்கட்டும், நெற்றி தெரியும்படி பின்னால் தள்ளி மாட்டாதீர்கள்.

கடைத்தெரு மெக்கானிக்

நர்ஸம்மா சொல்வது சரி. பைக்குக்குப் போடுகிற சாரி கார்டு ஒரு பக்கம்தான் வரும், அது போதாது. லேடீஸ் சைக்கிளுக்கு வலை கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் கெட்டிப் பிளாஸ்டிக் வலையை மட்கார்டிலிருந்து ஆக்ஸில் வரை வெட்டி, கேபிள் டையால் இறுக்கிக் கட்டலாம். டையின் வால் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

மதுரைப் பொண்ணு

இடையில் புகுந்து கேட்கிறேன். எனக்கு ரெண்டு சந்தேகம். துப்பட்டா சக்கரத்தில் மாட்டி ஒருமுறை கழுத்தை இழுத்துவிட்டது, அதிலிருந்து சைக்கிள் என்றாலே கிலி. அப்புறம், மெத்துமெத்தென்று ஜெல் சீட் கவர் வாங்கிப் போட்டும் உட்கார முடியாமல் வலிக்கிறது. இதை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

புதுக்கோட்டைச் சித்தி

இங்கேயே கேளம்மா, இதில் என்ன வெட்கம். துப்பட்டாவைத் தோளிலிருந்து குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்து, ரெண்டு நுனிக்கும் ஊக்கு குத்து. கழுத்தைச் சுற்றி மட்டும் போடாதே. சேலை என்றால் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி, கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிக் கட்டு. செயின் கவர் முழுசாக மூடியிருக்க வேண்டும், பாதிக் கவர் பாவாடையைத் தின்றுவிடும்.

உட்ரெக்ட் வாசி

சீட்டு மெத்தென்று இருந்தால் வலி குறையும் என்று தோன்றும், ஆனால் எலும்பு அமுங்கி, நடுவில் மெல்லிய இடத்தில் அழுத்தம் ஏறும். பெண்களுக்கு உட்காரும் எலும்புகளின் இடைவெளி பொதுவாக ஆண்களைவிட அகலம். அதனால் பின்பக்கம் அகலமாக, ஓரளவு கெட்டியாக இருக்கிற சீட்டு பாருங்கள். மூக்கு மேலே தூக்கியிருந்தால் தரைக்கு இணையாக இறக்கச் சொல்லுங்கள், பாதி வலி அதிலேயே போய்விடும்.

கும்பகோணத்துக்காரி

வேலை முடிந்து வண்டி வந்துவிட்டது. கப் மாற்றி, கனமான கேரியர் போட்டு, சீட்டை முன்னால் தள்ளி மாட்டியாயிற்று. ரெண்டு பக்கமும் வலை. அரிசிப் பையோடு தெருவில் சுற்றுவதைப் பார்த்து எதிர்வீட்டுத் தாத்தா, "ரேஷன் கடை இந்தப் பக்கம் இல்லையேம்மா" என்றார். ஹேண்டில் ஆட்டம் போய்விட்டது. சித்தி சொன்ன மாதிரி ஏற இன்னும் முழுசாக வரவில்லை, பிரேக்கை விடும் நேரத்தில் தடுமாறுகிறேன். அது வந்த பிறகுதான் பாப்பாவை ஏற்றுவேன். வீட்டுக்காரர் பையைக் கட்டிக்கொடுக்கிறார்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. ஐப்பசி மழையில் என்ன செய்வது?

கடைத்தெரு மெக்கானிக்

உங்கள் வண்டியில் இரும்பு ரிம். நனைந்தால் பிரேக் பாதிகூடப் பிடிக்காது. நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகு முன்னாலேயே ரெண்டு பிரேக்கையும் லேசாகத் தொட்டுக்கொண்டே வந்தால் ரிம் துடைபட்டு, அப்புறம் பிடிக்கும். பின் பிரேக் மட்டும் போட்டுப் பழகியிருந்தால் முன் பிரேக்கையும் இப்போதே சரிசெய்துகொள்ளுங்கள். அடித்துப் பெய்கிற நாளில் ஆட்டோவே தேவலை. பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும். வாங்கப் போகும்போது பழைய கட்டையைக் கையோடு எடுத்துப்போங்கள், நீளம் மாறினால் பொருந்தாது.