நோட்டில் இருக்கும் பலகாரக் கடை எப்போது அடுப்பேறும்?

செங்காங் வாசுகி

எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் பலகாரம் செய்து விற்க வேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை. சிங்கப்பூரில், சாங்கியில் ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கணவருக்கு ஷிப்ட் வேலை, பையன் தொடக்கநிலை இரண்டில் படிக்கிறான். இருப்பது நாலறை வீடு.

இந்த ஆசை என் பாட்டியிடமிருந்து வந்தது. தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1971இல் பிரிட்டிஷ் படை வெளியேறிய சமயத்தில் அவருக்கு வேலை போய்விட்டது. அப்போது பாட்டி சுட்டு விற்ற முறுக்குதான் வீட்டை ஓட்டியது என்று அம்மா சொல்வார். தேன்குழல், ரிப்பன் பக்கோடா, அதிரசம் எல்லாம் பாட்டியின் பக்கத்தில் நின்று படித்தேன். அவருடைய பித்தளை அச்சு இப்போது என்னிடம் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு, "இதை ஏன் விற்கக் கூடாது?" என்று கேட்காமல் போவதில்லை.

இதற்கென்றே ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். கடைக்குப் பெயர், டப்பாவின் அளவு, ஸ்டிக்கரின் நிறம், தேக்காவில் எந்தக் கடையில் உளுந்து என்ன விலை என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இன்ஸ்டகிராமில் பெயரைக்கூடப் பிடித்து வைத்தாகிவிட்டது. ஆனால் இன்றுவரை ஒரு டப்பா விற்றதில்லை. ஒவ்வொரு தீபாவளியும் "சரி, அடுத்த வருடம் பார்ப்போம்" என்றே கழிகிறது. உரிமம் வேண்டுமா, விலை என்ன வைப்பது, யார் வாங்குவார்கள், வேலையோடு சேர்த்துச் செய்ய முடியுமா என்று ஒன்றைத் தொட்டால் இன்னொன்று வந்து நிற்கிறது.

ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவர்கள் சொல்லுங்கள். நோட்டிலிருந்து அடுப்புக்கு எப்படிப் போனீர்கள்? முதலில் எதைச் செய்தீர்கள்? ஊக்கம் எனக்கு வீட்டிலேயே நிறையக் கிடைக்கிறது. வேண்டியது வழிதான்.

பிடோக் ராஜா

சகோதரி, சட்டப் பக்கத்தை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன். அது நீங்கள் பயப்படும் அளவுக்குப் பெரிதில்லை.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் சிறிய அளவில் சமைத்து விற்கத் தனி அனுமதி வாங்க வேண்டியதில்லை. வீட்டிலிருந்தபடி சிறு தொழில் செய்வதற்கென்றே ஒரு திட்டம் இருக்கிறது, அதன் நிபந்தனைகளை மீறாமல் இருந்தால் போதும். வெளியாளை வேலைக்கு வைக்கக் கூடாது, வாசலில் பெயர்ப்பலகை மாட்டக் கூடாது, பெரிய இயந்திரங்கள் கூடாது, அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு இருக்கக் கூடாது. சிங்கப்பூர் உணவு அமைப்பும் இப்படிச் சமைப்பவர்களிடம் உரிமம் கேட்பதில்லை. ஆனால் உணவுப் பாதுகாப்பு விதிகள் உங்களுக்கும் உண்டு. விருந்துகளுக்கு கேட்டரிங் எடுத்துவிடாதீர்கள், அதை வீட்டிலிருந்து செய்யக் கூடாது. அடிப்படை உணவுப் பாதுகாப்புப் பயிற்சிக்கு ஒருமுறை போய் வருவது நல்லது.

அடையாள அட்டையில் உள்ள முழுப் பெயரிலேயே தொழில் செய்தால், தொழில்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவில் பதிய வேண்டாம். கடைக்கென்று வேறு பெயர் வைத்தால் பதிய வேண்டும், ஒரு வருடத்துக்கு 115 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆகும். ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்குக்கும் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். இப்போதைய வேலை ஒப்பந்தத்தை எடுத்து, வெளியில் வேறு தொழில் செய்வதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அனுமதி கேட்க வேண்டும் என்றிருந்தால் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

ஈசூன் மீனாட்சி

வாசுகி, தங்கச்சி என்றே கூப்பிடுகிறேன். எனக்கு வயது 57. ஈசூனில் வீட்டிலிருந்து பலகாரம் விற்கிறேன். அதற்கு முன்பு பாலர் பள்ளி ஒன்றில் சமையல் வேலை பார்த்தேன்.

நீங்கள் எழுதியதை மறுபடி மறுபடி படித்தேன். உங்கள் நோட்டில் எல்லாம் இருக்கிறது, வாங்குகிற ஆளின் பெயரைத் தவிர. முதலில் அதை எழுதுங்கள். பெயருக்குப் பக்கத்தில் கொடுக்க வேண்டிய தேதி, தேதிக்குப் பக்கத்தில் வாங்கிய முன்பணம். அந்த மூன்றும் ஒரே வரியில் வந்துவிட்டால் மற்ற கேள்விகளுக்கெல்லாம் அந்தத் தேதிக்குள் பதில் தேடித்தான் ஆக வேண்டும், தேடியும் விடுவீர்கள்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் தள்ளிப்போகிறது என்றீர்கள். தீபாவளியையே தொடக்கமாக வைத்திருப்பதால்தான் அது தள்ளிப்போகிறது என்று நினைக்கிறேன். ஊரில் எல்லாரும் பலகாரம் கேட்பது அப்போதுதான். மாவு அரைக்கப் போனால் வரிசை, உங்கள் வீட்டிலும் துணி எடுப்பது, சுத்தம் செய்வது, விருந்தாளி என்று ஆயிரம் வேலை. புதிதாகக் கை வைப்பவருக்கு வருடத்திலேயே கடினமான வாரம் அது. சாதாரண வாரம் ஒன்றில் தொடங்குங்கள். இந்த வருடம் (2026) தேசிய தினம் ஞாயிற்றுக்கிழமை வருகிறது, திங்கள் விடுமுறை. நீண்ட வார இறுதிக்குக் கொறிக்க ஏதாவது வேண்டும் என்று அலுவலகத்தில் எல்லாரும் நினைப்பார்கள். ஆகஸ்ட் 6 வியாழன் மாலை சுட்டு, 7ஆம் தேதி வெள்ளிக்கிழமை கையில் கொடுங்கள். தீபாவளி நவம்பர் 8. நடுவில் மூன்று மாதம் இருக்கிறது, கை பழக அது தாராளம்.

சொந்தக்காரர்களிடம் போகாதீர்கள். அவர்கள் எதைக் கொடுத்தாலும் நன்றாக இருக்கிறது என்பார்கள், காசு வாங்க நமக்கும் கூச்சமாக இருக்கும். அலுவலகத்தில் ஒரு நாலைந்து பேரிடம் நேராகச் சொல்லுங்கள்: "தேன்குழல், 300 கிராம், 10 வெள்ளி, வெள்ளிக்கிழமை தருகிறேன், பாதிப் பணத்தை இப்போதே பேநவ் செய்துவிடுங்கள்." இதைச் சொல்லும்போது தொண்டை அடைக்கும். ஆனாலும் சொல்லுங்கள். பணம் அனுப்பியவர்களுக்கு மட்டும் செய்யுங்கள்.

முதல் தடவைக்கு ஒரே பலகாரம் போதும். அதிரசத்தை இப்போது தொடவே வேண்டாம். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் இருக்கும்போதே அரைத்து, பாகுப் பதம் பார்த்துக் கிளறி, மாவைப் புளிக்கவிட்டு என்று அது நாள்கணக்கில் இழுக்கும். அடுக்குமாடி வீட்டில் மின்விசிறிக்கு அடியில் துணி விரித்துத்தான் அரிசியை உலர்த்துகிறேன். மழை நாளென்றால் அந்த ஈரப் பதமே மாறிவிடும். வேலைக்குப் போகிறவருக்கு அது வார இறுதிப் பலகாரம்.

தேன்குழலை நான் செய்யும் விதம் சொல்கிறேன், உங்கள் பாட்டியின் முறை வேறாக இருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். நாலு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு உளுந்து மாவு. உளுந்தை வாசம் வரும்வரை வறுத்தால் போதும், சிவக்க விடக் கூடாது. அரைத்த மாவைக் கட்டாயம் சலிக்க வேண்டும், இல்லையென்றால் எண்ணெயில் வெடிக்கும். மொத்த மாவையும் ஒரே தடவையில் பிசைய வேண்டாம். இரண்டு மூன்று ஈடுக்கு ஆகிற அளவு மட்டும் பிசைந்தால் நிறம் கெடாமல் இருக்கும். எண்ணெயில் போட்டதும் சலசலவென்று நுரைக்கும், அந்தச் சத்தம் அடங்கும்போது எடுத்துவிட வேண்டும். எனக்கு இதில் கண்ணைவிடக் காதுதான் கணக்கு.

அதற்கப்புறம்தான் பலர் அவசரப்படுகிறார்கள். அடுக்கி வைத்த முறுக்கின் மேலே தொட்டால் ஆறியிருக்கும், அடியில் கை விட்டால் இளஞ்சூடாக இருக்கும். அப்போது டப்பாவில் போட்டு மூடினால் அந்த ஆவியே நமத்துப்போகச் செய்துவிடும். பரப்பிப் போட்டு, நடுவில் இருப்பதை ஒடித்துப் பார்த்து, அதுவும் ஆறியபின் மூடுங்கள். காலைவரை திறந்து வைக்கவும் கூடாது, நம் ஊர்க் காற்றில் உள்ள ஈரம் விடாது. அன்று இரவே மூடிவிட வேண்டும். ஒரு டப்பாவை உங்களுக்கென்று எடுத்து வைத்து, மூன்றாம் நாள், ஏழாம் நாள், பத்தாம் நாள் என்று ஒவ்வொன்றாக ஒடித்துப் பாருங்கள். எத்தனை நாள் மொறுமொறுப்பாக இருக்கும் என்று கேட்பவர்களிடம் அப்போதுதான் தைரியமாகச் சொல்ல முடியும்.

விலைக்கு வருகிறேன். மாவு, வெண்ணெய், எண்ணெய், எரிவாயு, டப்பா எல்லாம் சேர்த்து ஒரு டப்பாவுக்கு 3 வெள்ளி 50 காசு ஆகிறது என்று வையுங்கள். 6 வெள்ளிக்கு விற்றால் லாபம் போலத் தோன்றும். மாவு பிசைவதில் தொடங்கிச் சட்டி கழுவுவதுவரை நாலு மணி நேரத்தில் 10 டப்பா செய்வீர்கள். கையில் நிற்பது 25 வெள்ளி, அதாவது மணிக்கு 6 வெள்ளி 25 காசு. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து அதற்காக எண்ணெய் முன்னால் நின்றால் இரண்டே மாதத்தில் அச்சைத் தூக்கிப் பரணில் வைத்துவிடுவீர்கள். அதே டப்பா 10 வெள்ளி என்றால் 65 வெள்ளி நிற்கும். உங்கள் உழைப்புக்கு விலை போடக் கூச்சப்படாதீர்கள் தங்கச்சி. உங்கள் பாட்டி குடும்பத்துக்குச் சோறு போட்டது அந்தக் காசில்தான்.

அக்ரா, ஸ்டிக்கர், கடைப் பெயர் எல்லாம் ராஜா தம்பி சொன்னபடி பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் டப்பாக்களை உங்கள் சொந்தப் பெயரிலேயே கொடுங்கள்.

ஜூரோங் சரவணன்

மீனாட்சி அக்கா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய் வாசம். நானும் மனைவியும் சில காலம் செய்தோம். எங்கள் மாடியில் ஒரு வீட்டில் கைக்குழந்தை, ஜன்னலைத் திறக்க முடியவில்லை என்று புகார் போய்விட்டது. அவர்கள் மேல் தப்பில்லை. பலகாரம் சுடப்போகிறோம் என்று முதல் நாளே இரண்டு பக்கத்து வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வாசல் கதவைச் சாத்தி, சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். இரவு பத்து மணிக்குமேல் வேண்டாம்.

இன்னொன்று, எல்லா ஆசையையும் தொழிலாக்கித்தான் தீர வேண்டும் என்றில்லை. நாங்கள் விற்பதை நிறுத்திவிட்டோம். மனைவி இப்போது சமூக மன்றத்தில் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு முறுக்குப் பிழியச் சொல்லித்தருகிறார், அதில் அவருக்குக் கிடைக்கிற சந்தோஷம் விற்றபோது இல்லை. எது உங்களுக்கு என்று செய்து பார்த்தபின் தெரியும்.

செங்காங் வாசுகி

அக்கா, அண்ணன்மார்களே, மிக்க நன்றி. ஒப்பந்தத்தைப் பார்த்தேன், மேலாளரிடம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று இருந்தது. தெரிவித்தேன், சரி என்று பதில் வந்துவிட்டது. இன்று மதியச் சாப்பாட்டின்போது அக்கா சொன்ன வாக்கியத்தை அப்படியே சொன்னேன். நாலு பேர் 5 வெள்ளி அனுப்பிவிட்டார்கள்! நோட்டில் பெயர், தேதி, தொகை எழுதும்போது கை நடுங்கியது.

இரண்டு சந்தேகம். பணம் அனுப்பியவர்களில் ஒருவர் மலாய்த் தோழி, ஹலாலா என்று கேட்கிறார். சீனத் தோழி ஒருவரின் மகளுக்குக் கோதுமையும் நிலக்கடலையும் ஒத்துக்கொள்ளாது. தேன்குழல் அரிசி மாவுதானே, தாராளமாகக் கொடுக்கலாம் என்று சொல்லிவிடலாமா?

ஈசூன் மீனாட்சி

தங்கச்சி, நாலு பேரா! ரொம்ப சந்தோஷம்.

டப்பாவில் ஹலால் என்று நாமாக எழுதக் கூடாது, அந்தச் சான்றிதழ் தருவது சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ். அதை அப்படியே தோழியிடம் சொல்லி, என்னென்ன சேர்த்திருக்கிறீர்கள், எந்த எண்ணெய், எந்த வெண்ணெய், உங்கள் சட்டியில் வேறு என்ன சமைப்பீர்கள் என்பதையும் சொல்லுங்கள். வாங்குவதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்யட்டும். வேண்டாம் என்றால் முகம் கோணாமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அந்தக் குழந்தை விஷயத்தில் இப்போதைக்குத் தாராளம் என்று சொல்லாதீர்கள். பெருங்காயத்தூள் டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் படித்துப் பாருங்கள். கடையில் விற்கும் பல தூள்களில் கோதுமை மாவு கலந்திருக்கும். கடலை எண்ணெயில் சுடுவதாக இருந்தால் அதையும் சொல்லியாக வேண்டும். மாவு மில்லில் அரைக்கக் கொடுத்தால் அதே இயந்திரத்தில் கோதுமையும் ஓடியிருக்கும். என்னைக் கேட்டால் இந்த முறை அந்த அம்மாவிடம் விவரத்தைச் சொல்லி, "உங்கள் மகளுக்கு வேண்டாம், நீங்கள் சாப்பிடுவதாக இருந்தால் தருகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். எல்லா டப்பாவிலும் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: அரிசி, உளுந்து, வெண்ணெய், சீரகம், பெருங்காயம், உப்பு, எண்ணெயின் பெயர், செய்த தேதி. கையால் எழுதினால் போதும்.

வியாழக்கிழமை இரவு பத்து மணிவரை இங்கே பார்த்துக்கொண்டே இருப்பேன். மாவு அச்சில் இறங்காமல் முரண்டு பிடித்தால் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், கையை நனைத்து ஒரு பிசை பிசைந்து பாருங்கள். அப்படியும் வரவில்லை என்றால் உடனே எழுதுங்கள்.